இரண்டு சர்க்காருக்கு நடுவில் ஒரு வீடு

புதுச்சேரியில் மத்தியானம் கடை திறந்திருக்காது. கல்யாணமாகி வந்த புதிதில் இது எனக்குத் தெரியாது. வெற்றிலை வாங்கப் போனவள், தெரு முழுக்கக் கதவடைத்துக் கிடப்பதைப் பார்த்துவிட்டு, யாரோ பெரிய மனிதர் தவறிவிட்டார் என்று நினைத்து வீடு திரும்பி, துக்கம் விசாரிக்கிற குரலில் மாமியாரிடம் கேட்டேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிரெஞ்சுக்காரன் சாப்பிட்டுத் தூங்கி எழுந்த பிறகுதான் வெளியே வருவான், அவனைப் பார்த்து நம் ஆட்களும் பழகிவிட்டார்கள் என்றார். கடலூரில் அதே நேரத்தில் என் அண்ணன் மளிகைக் கடையில் வியர்க்க வியர்க்கப் பொட்டலம் கட்டிக்கொண்டிருப்பார். இரண்டு ஊருக்கும் நடுவே கொஞ்ச நேர பஸ் பயணம்தான்.

கடலூர்ப் பக்கத்திலிருந்து இதைப் படிக்கிற நீங்கள் என்னை வெளிதேசம் போனவள் என்று ஒப்புக்கொள்ள மாட்டீர்கள். நான் கடல் தாண்டவில்லை, பாஷை மாறவில்லை, குழம்பில் போடும் புளிகூட அதே புளிதான். ஆனால் சுங்கச்சாவடியில் இங்கிலீஷ் சர்க்கார் சேவகன் என் மூட்டையை அவிழ்த்து, அண்ணன் மகளுக்கு வாங்கிய பாவாடைத் துணியை நடுரோட்டில் உதறிப் பார்க்கும்போது நான் அன்னியதேசத்தவள்தான். இந்தப் பக்கம் வந்தால், என் மகள் செலின் படிக்கிற கான்வென்டில் மாசேர் என்கிற கன்னியாஸ்திரீ பிரெஞ்சில் ஏதோ கேட்க, நான் அசட்டுச் சிரிப்புச் சிரிக்க, அங்கேயும் அன்னியதேசத்தவள்தான். என்னைப் போல வாக்கப்பட்டு இங்கே வந்த பெண்களுக்கு இது விளங்கும்.

நிஜமாகவே கடல் தாண்டியவர் என் கணவர் அருளப்பன். பிரெஞ்சு சர்க்கார் ஆளும் சைகோன் துறைமுகத்தில் கணக்கு எழுதும் உத்தியோகத்துக்குப் போனார். முதலில் ஒழுங்காகத் தகவல் வந்தது. பிறகு அந்த வேலை போய்விட்டது, உள்நாட்டில் ரப்பர் தோட்டத்துக்குப் போகிறேன் என்று சொல்லியனுப்பினார். அதோடு சரி. சில வருஷங்களாக ஒரு சேதியும் இல்லை. யாராவது விசாரித்தால் நல்லா இருக்காரு என்று சொல்லிவிடுவேன். இந்த ஊரில் சைகோனுக்குப் புருஷனை அனுப்பிய எல்லாப் பெண்களும் சொல்கிற பதில் அது. அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை.

இப்படியே ஓட்டியிருப்பேன். ஆனால் நாங்கள் குடியிருந்த வீட்டுக்காரரின் மகன் சைகோனிலிருந்து பென்ஷன் வாங்கிக்கொண்டு திரும்பி வருகிறானாம், கிறிஸ்மஸுக்குள் வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். ஊரார் பிள்ளைகள் எல்லாம் வரத்தான் வருகிறார்கள். அப்பா எனக்கென்று விட்டுப்போன நிலத்தை விற்ற பணம் கையில் இருந்தது. வயசுக்கு வரப்போகிற பெண்ணையும் வயதான மாமியாரையும் வைத்துக்கொண்டு இனி வாடகை வீடு வாடகை வீடாக அலைய மாட்டேன், சொந்தமாகவே வாங்கிவிடுவது என்று முடிவு செய்தேன்.

எங்கே வாங்குவது என்பதுதான் கேள்வி. புதுச்சேரிப் பக்கம் ரெட்டியார்பாளையத்தில், விழுப்புரம் சாலையை ஒட்டி, கிணறும் இரண்டு தென்னையுமாக ஒரு ஓட்டு வீடு விலைக்கு இருந்தது. கடலூரில் அண்ணன் வீட்டுக்கு அடுத்த தெருவில் இன்னொன்று. என் மனசு கடலூரில்தான் இருந்தது. ஆனாலும் கணக்குப் பார்க்காமல் இருக்க முடியுமா? அந்தப் பக்கம் கதர்க் குல்லா போட்டவனைத் தடியால் அடிக்கிறார்கள், இந்தப் பக்கம் போட்டுக்கொண்டு கடற்கரையில் உலாவினாலும் கேட்பாரில்லை. இங்கே துணி மலிவு, பள்ளிக்கூடம் நல்லது. அங்கே என் ஜனம் இருக்கிறது. மாமியாரோ ஒரே பேச்சுத்தான் பேசினார். மகன் வந்தால் புதுச்சேரியில்தான் இறங்குவான், இறங்குகிற இடத்தில் தாய் இருக்க வேண்டும்.

அவருக்காகவே முதலில் ரெட்டியார்பாளையத்து வீட்டுக்கு நொத்தேரைப் பார்க்கப் போனேன். பத்திரம் எழுதுகிற பெரிய மனிதர், தமிழர்தான், கோட்டும் மூக்குக் கண்ணாடியுமாக இருந்தார். உங்கள் கணவர் எங்கே என்றார். வழக்கம்போல, சைகோனில் நல்லா இருக்காரு என்றேன். நல்லது, அப்படியானால் சம்மதம் எழுதிக் கையெழுத்து வாங்கி வாருங்கள் என்றார். என் பணத்துக்கு அவர் சம்மதம் எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. நான் நலம் சொல்கிறேன், அவர் சட்டம் சொல்கிறார், இருவரும் வெகுநேரம் இப்படியே பேசிக்கொண்டிருந்தோம். என் கணவர் குடும்பம் பிரெஞ்சுச் சட்டத்துக்குத் தங்களை எழுதிக்கொடுத்த கத்தோலிக்கக் குடும்பம். அதில் அவர்களுக்கு ரொம்பப் பெருமை. அந்தச் சட்டப்படி புருஷன் ஒப்பாமல் பெண்டாட்டி ஒரு கோழிக்கூண்டுகூட வாங்க முடியாதாம். கடைசியில் உண்மையைச் சொன்னேன். நொத்தேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரிபுனாலுக்குப் போய், இன்னார் இருக்குமிடம் தெரியவில்லை என்று அவருடைய மனிதர்களே சொன்னால், அவர் கையெழுத்து இல்லாமலே வாங்க நீதிபதி உத்தரவு கொடுப்பார் என்றார். அவருடைய மனிதர் என்றால் மாமியார்தான். அந்தத் தாயிடம் நான் எந்த வாயால் கேட்பேன்?

கேட்கவில்லை. பஸ் ஏறிக் கடலூர் போனேன். அங்கே பெண்பிள்ளை தன் பெயரில் வாங்க யார் கையெழுத்தும் வேண்டாம். பத்திரம் எழுதுகிறவர் சப்பணம் போட்டு உட்கார்ந்து, பேனாவை மையில் தோய்த்து, என் பெயரையும் அப்பா பெயரையும் கேட்டு எழுதினார். பிறகு நிமிர்ந்து பார்த்தார்.

"அருளப்பன் சம்சாரம்னு போடட்டுமா, காலஞ்சென்ற அருளப்பன் சம்சாரம்னு போடட்டுமாம்மா?"

நான் வாய் திறப்பதற்குள் அண்ணன் முந்திக்கொண்டார். "காலஞ்சென்றன்னே போடுங்க. நாளைக்கு அந்தப் பக்கத்து ஆளுங்க வந்து வம்பு பண்ண முடியாது."

அவர் என் நன்மைக்குத்தான் சொன்னார். அது தெரிந்தும் எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. என் தாலி கழுத்தில் கிடக்க, என் கூடப் பிறந்தவர் ஒரு மூக்குப்பொடி போடுகிற நேரத்தில் என் புருஷனை முடித்துவிட்டார். எழுந்து வந்துவிட்டேன். பஸ்ஸில் வரும்போது அழுதேன். சுங்கச்சாவடியில் அன்றைக்கு மூட்டை எதுவும் இல்லாததால் என்னை யாரும் நிறுத்தவில்லை.

வீட்டுக்கு வந்து நடந்ததை மாமியாரிடம் மறைக்காமல் சொன்னேன். அவர் அன்று சாப்பிடவில்லை. மறுநாள் காலை பூசைக்குப் போய்வந்தவர் கோயில் புடவையை மாற்றாமலே நின்றார்.

"வாம்மா, நொத்தேர் சொன்ன எடத்துக்குப் போவோம். செத்துட்டான்னு எழுதறதுக்குப் பதிலா, காணோம்னு நானே சொல்லிட்டுப் போறேன். காணோம்னா தேடவாச்சும் தேடலாம்."

திரிபுனாலில் வெள்ளைக்கார நீதிபதி. பக்கத்தில் தமிழ் தெரிந்த மொழிபெயர்ப்பாளர். நீதிபதி பிரெஞ்சில் கேட்டதை அவர் தமிழில் சொன்னார்: உங்கள் மகன் உயிரோடு இருக்கிறாரா? மாமியார் இரண்டு கையாலும் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"அத நீங்கதான் சொல்லணும் தொரை. உங்க கப்பல்லதான் போனான்."

மொழிபெயர்ப்பாளர் நீதிபதியிடம் சின்னதாக ஏதோ சொன்னார். எனக்குத் தெரிந்த கொஞ்சப் பிரெஞ்சிலும் அது விளங்கியது. தெரியாது என்கிறாள், அவ்வளவுதான். நீதிபதி தலையை ஆட்டினார். எங்களுக்கு உத்தரவு கிடைத்தது.

ரெட்டியார்பாளையத்து வீட்டுக்குக் குடிவந்து சில மாதங்களாகிவிட்டன. என் சாமான்களை அடுக்கிவிட்டேன், செலின் சுவரில் மாதா படம் மாட்டிவிட்டாள். மாமியாரின் பெட்டி மட்டும் கயிறு கட்டினபடியே மூலையில் கிடந்தது. காரணம் கேட்டால் பேச்சை மாற்றுவார். போன வாரம் வாசலில் விழுப்புரம் பஸ் புழுதி கிளப்பிக்கொண்டு போனபோது அவராகவே சொன்னார்: "கடலூருக்கே போயிடலாம்மா. உங்கண்ணன் பேச்ச உடு. இந்த சர்க்காரு மூஞ்சில இனிமே முழிக்க வேணாம் எனக்கு."

இத்தனை வருஷமாக நான் காத்திருந்த வார்த்தை அது. உடனே சரி என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் என் வாயில் வந்தது வேறு.

"அவரு வந்தா இங்கதான அத்தே எறங்குவாரு."

சொன்ன பிறகு எனக்கே பயமாக இருந்தது. அவர் வருவார் என்று நான் நம்புவது அதுவரை எனக்குத் தெரியாது. மாமியார் எழுந்து மூலைக்குப் போய், தரையில் உட்கார்ந்து, பெட்டியின் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார்.