ஓரகத்தி வீட்டுக்கு ஒற்றை நாற்காலி

என் ஓரகத்தி சாமான்களைப் பெட்டியில் கட்டும்போது ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அதுதான் எனக்கு முதலில் உறுத்தியது. ஈப்போ சிலிபினில் ஒரே வீட்டில், ஒரே அடுப்படியில் பதினோரு வருஷம் இருந்தோம். அவள் பாடி நான் கேட்டதே இல்லை. கண்ணாடி டம்ளர்களைப் பழைய பேப்பரில் சுற்றி அடுக்கிக்கொண்டிருந்தவளிடம், "பாத்து, பாத்து, ஒடஞ்சிடப் போவுது," என்றேன். பாட்டு நின்றுவிட்டது.

அவள் கணவர், அதாவது என் கொழுந்தனாருக்குத் தஞ்சோங் மாலிம் பக்கம் கார் தொழிற்சாலையில் வேலை. வாரம் முழுக்க அங்கே ஓர் அறையில் தங்குவார், வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஈப்போவுக்கு வந்துவிடுவார். இப்படியே வருஷங்கள் ஓடின. இப்போது அங்கேயே, முன்பு ரப்பர் பால்மரம் நின்ற ஒரு மேட்டில் கட்டிய புதுத் தாமான் குடியிருப்பில் வீடு வாங்கிவிட்டார்கள். வேலைக்குப் பக்கம், பிள்ளை சேரப்போகும் பள்ளிக்கூடத்துக்கும் பக்கம். சொன்ன காரணமெல்லாம் சரிதான். ஆனால் இத்தனை வருஷம் போகாதவள் இப்போது ஏன் போகிறாள்? என்னாலா?

இந்தக் கேள்வி மண்டைக்குள் புகுந்ததிலிருந்து எனக்கு ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. நான் கொஞ்சம் வாய்க்காரி. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அடுப்படி என் கையில்தான் இருந்தது. குழம்புக்குப் புளி எவ்வளவு, தீபாவளிக்கு முறுக்கா அதிரசமா, எந்தச் சட்டி எந்த ஆணியில் தொங்க வேண்டும், எல்லாம் நான் வைத்ததுதான் சட்டம். அவள் ஒரு தடவைகூட எதிர்த்துப் பேசியதில்லை. தங்கமான பெண், எனக்கும் அவளுக்கும் ஒரு சண்டை வந்ததில்லை என்று நானே ஊரெல்லாம் பெருமையடித்திருக்கிறேன். சண்டை போட்டிருந்தால் தேவலை என்று இப்போது தோன்றியது.

புது வீட்டில் பால் காய்ச்ச இரண்டு வாரம் இருந்தது. என்ன வாங்கிக்கொண்டு போவது?

"ஆங்பாவ் உறைல காச வச்சுக் குடுத்துட்டு வா லா. எதுக்கு இந்தப் பெனிங்?" என்றார் வீட்டுக்காரர்.

"தலவலி எனக்குத்தானே? நீங்க பேப்பரப் படிங்க."

காசை யார் வேண்டுமானாலும் கொடுப்பார்கள். நான் கொடுப்பதைப் பார்த்ததும், 'இந்த அக்காவுக்கு என் மேல் அக்கறை இருக்கிறது' என்று அவளுக்குத் தோன்ற வேண்டும். உள்ளதைச் சொன்னால், அப்படித் தோன்றிவிட்டால் அவள் என்னால் போகவில்லை என்று நானே என்னைச் சமாதானப்படுத்திக்கொள்ளலாம்.

முதலில் ஈப்போ லிட்டில் இந்தியாவில் எனக்குப் பழக்கமான கடைக்குப் போய் ஒரு ஜோடிக் குத்துவிளக்கு வாங்கினேன். மறுநாள் கொழுந்தனார் போனில் பேசும்போது, விளக்கு மட்டும் ஏற்கெனவே மூன்று ஜோடி வந்துவிட்டது என்று சிரித்தார். விளக்கைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, மேலே கொஞ்சம் போட்டு மாவரைக்கும் கிரைண்டர் ஒன்றை எடுத்துவந்தேன். நல்ல கனமான கல். எனக்கு அப்படி ஒரு திருப்தி. என் மகள் பெட்டியைத் திறந்து பார்த்தாள்.

"ஏம்மா, இங்கதான் சித்தி தெனமும் மாவாட்டுனாங்க. அங்க போயும் ஆட்டணுமா?"

"போடி, பெரிய மனுஷி," என்றேன். ஆனால் சுருக்கென்று தைத்துவிட்டது. கிரைண்டரும் திரும்பக் கடைக்குப் போனது.

கடைக்காரத் தம்பி என்னைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டான். "என்னக்கா, மறுபடியுமா? இது கடையா லைப்ரரியா?" பிறகு சுவர்க் கடிகாரம், சாமி படம், பித்தளை யானை என்று வரிசையாக எடுத்து வைத்தான். நான் எல்லாவற்றுக்கும் உதட்டைப் பிதுக்கினேன். கடைசியில் அவன் பொறுமையிழந்து, "சரி, அவங்களுக்கு என்னதான் பிடிக்கும், அதச் சொல்லுங்க," என்றான்.

என்ன நிறம் பிடிக்கும்? நீலமா? நான் எடுத்துக் கொடுத்த சேலையைத்தான் கட்டினாள். என்ன சாப்பிடப் பிடிக்கும்? நான் சொன்னதைத்தான் சமைத்தாள். பாகான் செராயிலிருந்து ஒற்றைப் பெட்டியோடு வந்தவள், அந்தப் பெட்டியில் என்ன இருந்தது என்றுகூட நான் கேட்டதில்லை. நான் வாயாடி, ஊர்க்கதையெல்லாம் எனக்கு அத்துப்படி. கூடவே இருந்தவளைப் பற்றி ஒரு மண்ணும் தெரியவில்லை. காருக்குள் ஏறி உட்கார்ந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவமானத்தில் வந்த அழுகை.

அப்புறம்தான் மகளின் போனை வாங்கிப் பழைய படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்க்க ஆரம்பித்தேன். ஏதாவது ஒரு படத்திலாவது அவள் எதையாவது ஆசையாகப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டாளா என்றுதான். தீபாவளிப் படம், பிறந்தநாள் படம், என் வீட்டுக்காரர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று எடுத்த படம். நான் நடுவில் ராணி மாதிரி உட்கார்ந்திருக்கிறேன். அவள் பின்னால் நிற்கிறாள், கையில் தட்டு. இன்னொன்றில் கரண்டி. இன்னொன்றில் யாருடைய பிள்ளையோ. நூறு படத்துக்கு மேல் பார்த்தேன். ஒன்றில்கூட அவள் உட்கார்ந்திருக்கவில்லை. எங்கள் சாப்பாட்டு மேசையில் எத்தனை நாற்காலி என்று எண்ணிப் பார்த்தேன். வீட்டில் இருந்த ஆட்களுக்கு ஒன்று குறைந்தது. பதினோரு வருஷமாகக் குறைந்தது.

மறுநாளே பிரம்புச் சாமான் விற்கும் சீனர் கடைக்கு ஓடினேன். கை வைத்த, முதுகு உயர்ந்த, சாய்ந்து உட்கார்ந்தால் எழ மனசு வராத ஒரு நாற்காலி. நானே மூன்று தடவை உட்கார்ந்து பார்த்தேன். "சத்து சஜா?" என்றார் கடை முதலாளி தவுக்கே. ஒன்று மட்டுமா, ஜோடியாக எடுத்தால் விலை குறைத்துத் தருகிறேன் என்று வற்புறுத்தினார். ஒன்றே போதும் என்று அடித்துச் சொன்னேன். இரண்டு இருந்தால் ஒன்றில் கொழுந்தனார் உட்காருவார், இன்னொன்றில் நான் போய் உட்காருவேன். என்னைப் பற்றி எனக்குத் தெரியாதா?

"ஒத்த நாக்காலிய யாராச்சும் குடுப்பாங்களா? சிரிப்பாங்க லா," என்றார் வீட்டுக்காரர். சிரிக்கட்டும் என்றேன்.

அதைக் காரின் பின்சீட்டில் திணித்துக்கொண்டு நெடுஞ்சாலையில் போனோம். அதன் கால் ஒன்று வழி முழுக்க என் பிடரியை இடித்துக்கொண்டே வந்தது. கேட்டுவிடலாமா, வேண்டாமா? கேட்டால் என்ன சொல்வாள்? 'ஐயோ, அதெல்லாம் இல்லக்கா' என்பாள். அவள் அப்படித்தான் சொல்வாள், அதை வைத்து நான் என்ன செய்ய?

பால் பொங்கியது. எல்லாரும் கைதட்டினார்கள். நாற்காலியைப் பார்த்து அவள், "எதுக்குக்கா இதெல்லாம்," என்று மட்டும் சொன்னாள். ஹாலில் சன்னல் ஓரமாகப் போட்டுவிட்டு உள்ளே ஓடிவிட்டாள். அவ்வளவுதான், எனக்கு வேதனை ஆரம்பித்தது. முதலில் ஐயர் தன் பையை அதில் வைத்தார். பையை எடுத்ததும் அவளுடைய மாமா ஒருவர் அதில் சாய்ந்து ஒரு தூக்கமே போட்டுவிட்டார். அவர் எழுந்ததும் சின்னப் பிள்ளைகள் ஏறிக் குதித்தார்கள். "இறங்குங்கடா டேய்!" என்று நான் போட்ட சத்தத்தில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். என் வீட்டுக்காரரும் உட்காரப் போனார். நான் முறைத்த முறைப்பில் விலகிக்கொண்டார். எல்லாரும் உட்கார்ந்தார்கள். அவள் மட்டும் சோற்றுச் சட்டியும் கையுமாக நடந்துகொண்டே இருந்தாள். எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. உதவப் போனால் அடுப்படி மறுபடி என் கைக்கு வந்துவிடும், அதனால் போகவும் இல்லை.

மூன்று மணி வாக்கில் கூட்டம் கலைந்தது. ஆண்கள் வெளியே கார்களைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் ஒரு தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு அடுப்படியிலிருந்து வந்தாள். ஹாலை ஒரு தடவை சுற்றிப் பார்த்தாள். பிறகு நேராகப் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். காலை மடக்கி மேலே வைத்துக்கொண்டாள்.

"அக்கா, கொஞ்சம் ரசம் கொண்டாந்து ஊத்துங்க."

யாரிடம் சொல்கிறாள் என்று நான் திரும்பிப் பார்த்தேன். என்னைத் தவிர அங்கே எந்த அக்காவும் இல்லை. ரசச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். ஊற்றினேன். அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

"ஏம்மா, என்னாலயா நீ அந்த வீட்ட விட்டு வந்த?"

அவள் ஒரு வாய் சாப்பிட்டாள். மென்று விழுங்கினாள். அவசரமே இல்லை அவளுக்கு.

"பாதி உங்களாலதான்க்கா," என்றாள். கோபம் இல்லை குரலில், மழுப்பலும் இல்லை. "இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்துங்க."

ஊற்றினேன். ரசம் தட்டைத் தாண்டிப் பிரம்பில் சிந்திவிட்டது. ஐயையோ என்று முந்தானையால் துடைக்கக் குனிந்தேன். அவள் என் கையைப் பிடித்துத் தடுத்தாள்.

"விடுங்கக்கா," என்றாள். "என் நாக்காலிதானே."