என் கையும் ஒன்பது சென்ட் குப்பிகளும்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் கம்பெனி ஜாப் கார்டில் எண்களும், ஒரு நோட்டில் சென்ட்டைப் பற்றிய குறிப்புகளும்தான். எந்த இடத்தில் சின்ன ர, எந்த இடத்தில் பெரிய ற என்று இன்றைக்கும் தடுமாறுவேன். பர்கூரில் இன்ஜினியரிங் படிக்கும் என் மகள் இதைப் பார்த்துத் திருத்தியிருக்கிறாள். அவள் கண்ணுக்கும் தப்பிய பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூக்கண்டப்பள்ளியில் ஒரு சிறிய கம்பெனியில் லேத் ஓட்டுகிறேன். இருபத்தெட்டு வருடமாக அதே வேலை. இரும்பைக் கடையும்போது சூடு ஏறாமல் இருக்க, பால் மாதிரி வெள்ளையாக ஒரு எண்ணெய்த் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்கும். கூலன்ட் என்போம். ஞாயிற்றுக்கிழமை முழுக்க மெஷின் நின்றிருந்தால் திங்கட்கிழமை காலையில் அது அழுகிய முட்டை போல நாறும். மற்ற நாட்களில் அப்படி ஒன்றும் மோசமில்லை. கொஞ்ச நாளில் பழகி, அப்படி ஒரு வாசம் இருப்பதே தெரியாமல் போய்விடும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு நாள், நாங்கள் செய்யும் சாமானை வாங்குகிற கம்பெனியிலிருந்து ஒருவர் சோதனை பார்க்க வந்தார். என் மெஷின் பக்கத்தில் ஐந்து நிமிடம் நின்று அளவெடுத்துவிட்டுப் போனார். அவர் போன பிறகும் அந்த இடத்தில் ஒரு வாசம் நின்றது. எலுமிச்சை இலையைக் கசக்கியது போல முதலில். மதியச் சாப்பாட்டுக்குப் போகும்போது அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியைத் தாண்டிப் போனேன். அங்கே எலுமிச்சை இல்லை. பழைய மர பீரோவைத் திறந்தது போல வேறு ஒரு வாசம். ஒரே மனிதர், ஒரே சட்டை. காலையில் ஒன்று, மதியம் ஒன்று. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அது என்ன சென்ட் என்று அவரிடம் கேட்க வாய் வரவில்லை. நான் அப்படித்தான். பஸ்ஸில் இறங்க வேண்டிய இடம் தாண்டினாலும் சத்தம் போட மாட்டேன்.

அந்த வாரமே ஓசூரில் ஒரு பெரிய கடைக்குப் போனேன். கவுன்டரில் இருந்த பெண், “எந்த மாதிரி பாக்கறீங்க சார்?” என்றாள்.

“காலைல எலுமிச்சை, மதியம் பீரோ” என்றேன்.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. அதற்காக இன்றைக்கும் அவளை நினைத்துக்கொள்வேன். நீளமாக வெட்டிய காகிதங்களில் ஆறேழு சென்ட்டை அடித்து, ஒவ்வொன்றாக நீட்டினாள். அன்றைக்குப் பிடித்தது இந்தப் பைத்தியம்.

நல்ல சென்ட்டுக்கு மூன்று வாசம் உண்டு என்று நானாகவே கண்டுபிடித்தேன். அடித்ததும் வருவது, அரைமணி கழித்து வருவது, சாயந்திரம் வரை நிற்பது. நோட்டில் அவற்றுக்கு வந்த வாசம், இருந்த வாசம், நின்ற வாசம் என்று பெயர் வைத்தேன். வெளிநாட்டுப் பெயர்களை எழுதத் தெரியாததால் சீசாவின் படத்தை வரைந்து அதையே பெயராக்கினேன். சதுர சீசா, வாத்துக் கழுத்து, பச்சை மூடி. இடது மணிக்கட்டில் ஒன்று, வலது மணிக்கட்டில் ஒன்று, முழங்கை மடிப்பில் ஒன்று என்று போட்டு ஒப்பிட்டுப் பார்ப்பேன். வார விடுமுறை ஞாயிறு என்பதால் பாதிச் சோதனை மாதா கோயிலில்தான் நடக்கும். பூசை நடக்கும்போது இரண்டு கையையும் முகத்தில் பொத்திக் குனிந்துகொள்வேன். எங்கள் உபதேசியார் ஒருமுறை என் மனைவியிடம், “உங்க வீட்டுக்காரரு மாதிரி உருகி ஜெபம் பண்றவரை நான் பாத்ததில்லைம்மா” என்று சொல்லியிருக்கிறார். அவள் வீடு வரும்வரை வாயைப் பொத்திக்கொண்டு வந்தாள்.

என் மனைவி பேரிகைப் பக்கம் ஒரு ரோஜாத் தோட்டத்தில் வேலை செய்கிறாள். பிளாஸ்டிக் கூரைக்குள் வளர்கிற ரோஜா. அதைக் குளிர் அறையில் வைத்துத் தண்டு நீளம் பார்த்துப் பிரித்து, இருபது இருபதாகக் கட்டுவது அவள் வேலை. வெயில் காலத்திலும் ஸ்வெட்டரோடு போவாள். அந்த ரோஜாவுக்கு வாசமே கிடையாது. “பேருதான் பூவு. மோந்தா தண்ணி” என்பாள். நாள் முழுக்க ஆயிரக்கணக்கான ரோஜாவைத் தொடுகிறவள், பவுடரைத் தவிர வேறு வாசம் எதையும் பூசியதில்லை.

எங்கள் பங்கில் ஈஸ்டர் முடிந்து குடும்ப விழா வரும். அந்தந்த வருடம் திருமணமாகி இருபத்தைந்து ஆண்டு ஆனவர்களைப் பீடத்துக்கு முன்னால் நிறுத்தி, மறுபடி வலது கையைப் பிடிக்கச் சொல்லி, பங்குத்தந்தை ஆசீர்வதிப்பார். இந்த வருடம் எங்கள் முறை. அன்றைக்கு அவளுக்கென்று ஒரு வாசம் இருக்க வேண்டும், அதை நான்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அவளுக்கு நான் வாயால் பாராட்டிச் சொன்னது மிகக் குறைவு. இதிலாவது சரியாகச் செய்ய வேண்டும் என்று இருந்தது.

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் ஒரு பாய் அத்தரும் வெளிநாட்டு சென்ட்டும் விற்கிறார். என் வயதுதான் இருக்கும். அவரைப் போல வாசனைக்கு மரியாதை கொடுக்கிறவரை நான் பார்த்ததில்லை. கடையில் இருக்கும்போது தன் மேல் ஒரு சொட்டுக்கூடப் போடமாட்டார். ஒவ்வொருவருக்கும் காட்டி முடித்ததும் கடலை மாவு போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் அடுத்தவருக்குக் காட்டுவார். மூக்கு களைத்துப்போனால் சொந்தச் சட்டைக் கையை முகர்ந்தால் தெளியும் என்று எனக்குச் சொன்னவர் அவர். விலை உயர்ந்தவற்றைச் சின்னக் குப்பிகளில் ஊற்றித் தருவார். அப்படி ஒன்பது குப்பி சேர்ந்தது. இரண்டு மாதம் போட்டுப் பார்த்தேன். ஒன்பதிலும் வாத்துக் கழுத்துதான் முதல். வந்த வாசம் ஆரஞ்சு. இருந்த வாசம் ரோஜா. நின்ற வாசம்தான் அதிசயம். காய்ந்த இரும்பு மெல்லக் குளிர்வது போல, கம்பீரமாக, சாயந்திரம் வரை நிற்கும். கடைசி இடம் பச்சை மூடிக்கு. அதன் பக்கத்தில், ‘ஒன்றுமில்லை. தண்ணீர்’ என்று எழுதியிருந்தேன்.

வாத்துக் கழுத்தின் பெரிய சீசாவை வாங்கி, விழாவுக்கு மூன்று வாரம் முன்பே அவளிடம் கொடுத்தேன். அடித்துக்கொண்டாள். ஆரஞ்சு வந்தது. ரோஜா வந்தது. நான் அந்த இரும்புக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. சாயந்திரம் அவள் கையில் பஞ்சு மிட்டாய் வாசம்தான் இருந்தது.

“நல்லாத்தான் இருக்குது” என்றாள். திருவிழாவில் குழந்தைக்குச் சொல்வது போல இருந்தது.

அடுத்த விடுமுறையில் சீசாவை எடுத்துக்கொண்டு கிருஷ்ணகிரிக்குப் போனேன். கடை வாசலில் நின்றேன். இரண்டு பேர் வந்து வாங்கிப் போகும்வரை நின்றேன்.

“பாய், இது... கொஞ்சம் வேற மாதிரி இருக்குது.”

“வேற மாதிரின்னா? டூப்ளிகேட்டுன்னு சொல்ல வர்றே. சொல்லேன்ப்பா, அடிக்க மாட்டேன்.”

கடலை மாவு போட்டுக் கழுவி, தன் மணிக்கட்டில் ஒருமுறை அடித்தார். என் இடது மணிக்கட்டில் ஒருமுறை அடித்தார். “போயி டீ குடிச்சிட்டு, மார்க்கெட்டைச் சுத்திட்டு வா” என்றார். ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பினேன். அவர் கையில் பஞ்சு மிட்டாய். என் கையில் அதே குளிர்ந்த இரும்பு.

பாய் என் இடது கையை முகர்ந்தார். பிறகு, எதுவும் அடிக்காத வலது கையை எடுத்து முகர்ந்தார். மறுபடி இடது. மறுபடி வலது.

“எங்கே வேலை செய்யறே?”

“லேத்து, பாய்.”

“இந்தக் கையில நான் ஒண்ணுமே அடிக்கலை. இதுலயும் அதே இரும்பு இருக்குது பாரு. நீ இத்தினி நாளு ரசிச்சதுல பாதி என் கடைல இல்லப்பா. உன் கம்பெனில இருக்குது!” என்று விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தி, இன்னொரு டீ சொன்னார்.

எங்கள் வேலையில் வெர்னியர் என்று ஒரு அளவுகோல் உண்டு. அதன் இரண்டு வாயையும் மூடினால் பூஜ்யம் காட்ட வேண்டும். தேய்ந்துபோன வெர்னியர் மூடியிருக்கும்போதே ஏதோ ஒரு அளவு காட்டும். அதை வைத்து அளந்தால் எல்லாமே அந்த அளவுக்குத் தப்பாகும். வேலையைத் தொடங்கும் முன் பூஜ்யம் பார் என்பதுதான் இந்தத் தொழிலில் முதல் பாடம். புதிதாக வருகிறவர்களுக்கு நானே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அந்த நான், பூஜ்யம் பார்க்காமல் மூன்று வருடமாக வாசனையை அளந்திருக்கிறேன். கையிலும் கூலன்ட். மூக்கு தெளிய முகர்ந்த சட்டையிலும் கூலன்ட். பஸ்ஸில் நோட்டைப் புரட்டினேன். எதெல்லாம் பிரமாதம் என்று எழுதியிருந்தேனோ, எல்லாவற்றின் பக்கத்திலும் இரும்பு, எண்ணெய், மெஷின் என்றே இருந்தது.

வீட்டுக்கு வந்து நோட்டைப் பீரோ மேல் போட்டேன். எனக்கு மூக்கே இல்லை, விழாவுக்கு நீ பவுடரே போட்டுக்கொள் என்று மனைவியிடம் சொன்னேன். நடந்ததைக் கேட்டாள்.

“ஏங்க, என்னைக் கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே. இருபத்தஞ்சு வருஷமா உங்க சட்டையைத் துவைக்கறவ நானு.”

“அப்ப இத்தினி நாளு ஏன் சொல்லலை?”

“நீங்க கையை மோந்து மோந்து சந்தோசமா இருந்தீங்க. எதுக்குக் கெடுக்கணும்?” கையை நீட்டினாள். “இந்தாங்க. என் கையில போட்டுப் பாருங்க. நாளெல்லாம் குளுருல வாசமில்லாத பூவைத் தொடற கை. இதுல என்ன இருக்கப்போகுது?”

முகர்ந்து பார்த்தேன். சுத்தமாக ஒன்றுமில்லை. பூஜ்யம் என்றால் அப்படி ஒரு பூஜ்யம்.

மறுநாளிலிருந்து தினம் ஒன்று. ஆறு மணிக்குத் தோட்டத்து வேன் அவளை இறக்கிவிடும். கை கழுவிவிட்டு வந்து உட்காருவாள். குப்பியைத் திறந்து மணிக்கட்டில் தொட்டு வைப்பேன். அவளுக்கு இப்படி ஒரு மூக்கு இருக்கும் என்று எனக்குத் தெரியாது. நான் அரைப் பக்கம் எழுதித் தவித்ததை ஒரு வார்த்தையில் சொன்னாள். சதுர சீசாவுக்கு, “இது எங்க சூப்பர்வைசரம்மா. ஆளு பின்னாடி வருது, வாசம் முன்னாடி வருது” என்றாள். இன்னொன்றுக்கு, “பல் டாக்டர் ரூமு.” நான் இரண்டாம் இடம் கொடுத்திருந்ததை, “கல்யாணத்துக்கு வாடகைக்கு எடுத்த காரு” என்றாள். முகர்ந்து பார்த்தால் அப்படியே இருந்தது, புது சீட் கவரோடு.

ஒன்பதாவது நாள் பச்சை மூடி. தொட்டு வைத்தேன். எதுவும் வரவில்லை. “தண்ணிதானே?” என்றேன். அவள் எழுந்து போய்க் களி கிண்ட ஆரம்பித்தாள். பத்து நிமிடம் இருக்கும். “ஏங்க, இங்க வாங்க” என்று கூப்பிட்டாள். துடுப்பைப் பிடித்த கை அடுப்புச் சூட்டில் வேர்த்திருந்தது. குனிந்தேன். நனைந்த வெட்டிவேர் முதலில். அதற்குப் பின்னால் பச்சையாக, கூர்மையாக, இன்னொன்று. எனக்கு அது என்னவென்று பிடிபடவில்லை.

“ரோஜாத் தண்டு” என்றாள். “வெட்டினதும் ஒரு நிமிசம் வரும். பூவுல இல்லாத வாசம் தண்டுல இருக்குதுங்க. நாங்க மட்டும்தான் மோந்திருப்போம். வாங்கறவங்களுக்குப் போறதுக்குள்ள போயிரும்.”

ஒருமுறை பட்டவன் இல்லையா, பாய் செய்தது போல அவளுடைய மற்றக் கையையும் எடுத்து முகர்ந்தேன். அதில் களி ஆவி மட்டும்தான். அந்தத் தண்டு குப்பியிலிருந்தே வந்தது. என் கையில் கூலன்ட் அதை விழுங்கியிருக்கிறது. நான் தண்ணீர் என்று எழுதிவிட்டேன்.

“இதுதான்” என்றாள். நான் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கவில்லை.

விழாவன்று அவள் அதைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றாள். கோயில் சாம்பிராணிப் புகையிலும் அது தனியாகத் தெரிந்தது. எனக்கு அவளைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. அத்தனை அழகு. பங்குத்தந்தை, “வலது கையைப் பிடிங்க” என்றார். மற்ற இரண்டு தம்பதிகளும் பிடித்துவிட்டார்கள். நான் கையைப் பின்னால் வைத்துக்கொண்டேன். முந்தின நாள் கடலை மாவு போட்டு நான்கு முறை தேய்த்திருந்தேன். ஆனாலும் இருபத்தெட்டு வருடக் கை. குப்பியில் இருந்ததை விழுங்கிய கை, அவள் கையில் இருப்பதையும் விழுங்கிவிட்டால்?

“என்னா நிக்கறீங்க, கையைக் குடுங்க.”

“கூலன்ட்டு...” என்றேன் மெதுவாக.

“இன்னைக்கா கண்டுபுடிச்சீங்க?” என்று அவளே என் கையை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். பங்குத்தந்தை ஜெபத்தைச் சொல்லி முடிக்கும்வரை விடவில்லை. இரண்டு கையும் வேர்த்துவிட்டது.

பெஞ்சுக்கு வந்ததும் முதலில் அவள் மணிக்கட்டை முகர்ந்தேன். வெட்டிவேர், தண்டு, இரண்டும் அப்படியே இருந்தன. பிறகு என் வலது கையை முகத்தில் பொத்தினேன். இரும்பு இருந்தது. இரும்புக்கு ஓரமாகப் பச்சையாக ஒரு கோடு போல அதுவும் இருந்தது. மூன்று வருடத்தில் என் கையில் அந்த சென்ட் தெரிந்தது அன்றைக்குத்தான். கையை எடுக்க மனம் வரவில்லை. “எல்லாரும் பாக்கறாங்க” என்று அவள் இடித்தாள். எதிர் வரிசையில் உபதேசியார் கண் கலங்கி நின்றார். அன்றைக்கு அவர் நினைத்தது பாதி சரி.

நோட்டில் ‘ஒன்றுமில்லை. தண்ணீர்’ என்று இருந்ததை அடித்துவிட்டேன். அந்த இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் பல வாரம் காலியாக விட்டிருந்தேன். “ஒரு வரியில வராதுங்க, முழுசா எழுதுங்க” என்று மனைவிதான் சொன்னாள். அதனால் எழுதினேன்.

22-6-2025, ஞாயிற்றுக்கிழமை.