சமாதானம் இல்லாத கை

என் கை எப்போதும் ஜில்லென்றுதான் இருக்கும். பயம் வந்தால் இன்னும் ஜில்லிடும், உள்ளங்கை வேர்க்கும், விரல்கள் நடுங்கும். பயம் வராத நாள் என்று எனக்கு ஒன்று கிடையாது. அடுப்பை அணைத்தோமா என்று பயம், அணைத்த அடுப்பு தானாகப் பற்றிக்கொள்ளுமோ என்று பயம். இந்தக் கையைத் தொட்டுப் பார்த்துத்தான் எங்கள் வீட்டில் நாலு வருஷம் ஆண்டவருடைய சித்தத்தைத் தெரிந்துகொண்டார்கள். நான் எட்டாம் வகுப்பைக்கூட முடிக்காதவள். ஆனால் இதை எழுதுவதற்கு என்னை விட்டால் வேறு ஆள் இல்லை.

அப்பாவுக்கு ஸ்ரீரங்கம் ஸ்டேஷனில் பார்சல் கிளார்க் வேலை. ஸ்டேஷனுக்குப் பின்னால் ரயில்வே குவார்ட்டர்ஸ். அந்த வரிசையில் கிறிஸ்தவக் குடும்பம் நாங்கள் ஒன்றுதான். அப்பா, அம்மா, என்னைவிட நாலு வயது மூத்த அக்கா, நான். சர்ச்சுக்கும் ஸ்கூலுக்கும் காவிரிப் பாலத்தைத் தாண்டி டவுனுக்குப் போக வேண்டும். எங்கள் பக்கத்துப் பெண்கள் ஐந்து பேர் சேர்ந்து மாசக் கணக்கில் ஒரு குதிரைவண்டி பேசியிருந்தோம். வண்டியின் பின்பக்கம், காலைத் தொங்கப் போட்டு உட்காரும் இடம் என்னுடையது. பாலம் வந்தால் கண்ணை இறுக மூடிக்கொள்வேன்.

எனக்குப் பதின்மூன்று வயது. ஒருநாள் காலையில் வண்டி வந்து நின்றபோது போகமாட்டேன் என்று தூணைக் கட்டிக்கொண்டேன். காரணம் கேட்டால் சொல்லத் தெரியவில்லை. அம்மா முதுகில் ரெண்டு வைத்தாள், அப்படியும் போகவில்லை. வண்டி என்னை விட்டுவிட்டுப் போனது. மாம்பழச்சாலை திருப்பத்தில் லாரி ஹாரனுக்கு மிரண்டு குதிரை இழுத்ததில் வண்டி குடைசாய்ந்தது. என் இடத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்குத் தொடை எலும்பு முறிந்தது. அதற்கப்புறம் அவள் நேராக நடந்ததில்லை.

அதே மாசம்தான் டவுனில் பந்தல் போட்டு நடந்த கூட்டத்தில் வெளியூர்ப் பிரசங்கியார் ஒருவர் பேசியிருந்தார். ஆண்டவர் இந்தக் காலத்தில் உள்ளத்துச் சமாதானத்தின் வழியாகப் பேசுகிறார், சமாதானம் இருந்தால் போங்கள், கலக்கம் இருந்தால் நில்லுங்கள் என்று. அப்பா அதை டைரியில் எழுதி வைத்திருந்தார். வண்டி கவிழ்ந்த செய்தி வந்ததும் என்னைக் கூப்பிட்டு என் கையைப் பிடித்துப் பார்த்தார்.

"ஜில்லுன்னு இருக்கே. காலைல இப்படித்தான் இருந்துதா?"

"ஆமாம்பா."

"உனக்குச் சமாதானம் இல்ல. அதான் நீ போகல. கர்த்தர் உன்னோட பேசியிருக்கார்மா."

அவர் கண் கலங்கிவிட்டது. அதற்கு முன்னால் அப்பா என்னைப் பார்த்து அப்படிக் கலங்கியதே இல்லை. அந்த வருஷம் முழுக்க தினமும் காலையில் பயந்திருக்கிறேன். அந்த ஒருநாள்தான் வண்டி கவிழ்ந்தது. மற்ற நாட்களைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அப்பா ஸ்டேஷனில் போய்ச் சொல்லிவிட்டார். அது தெருவுக்கு வந்து, கால் முறிந்த பெண்ணின் அம்மா காதுக்கும் போனது. அவர்கள் கோயிலை ஒட்டிய உத்தர வீதிக்காரர்கள், ஐயங்கார்கள். அந்த மாமி என்னைக் கடைத்தெருவில் பார்த்து நிறுத்தினார்.

"ஏண்டிம்மா, உங்க சுவாமி உன்கிட்ட வண்டி கவிழும்னு சொன்னாராமே. வாஸ்தவமா?"

நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

"சொன்னார்னா, எம்பொண்ணுகிட்ட நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கப்படாதோ? உங்காத்துக்கு மட்டும்தான் பேசுவாரோ அவர்?"

நான் வீட்டுக்கு ஓடி வந்துவிட்டேன்.

ஸ்கூலுக்குப் போவதில் எனக்குச் சமாதானம் இல்லை என்பதால் படிப்பு நின்றது. அது எனக்குச் சந்தோஷம்தான், ஒளிப்பானேன். அப்புறம் எல்லாவற்றுக்கும் என் கைதான். சாயங்காலம் குடும்ப ஜெபம் முடிந்ததும் அப்பா வைத்தியர் நாடி பார்ப்பதுபோல் என் உள்ளங்கையைத் தன் கைக்குள் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். விருத்தாசலத்துக்கு மாற்றல் கேட்கலாமா? கை ஜில்லென்று இருந்தது, கேட்கவில்லை. பசுமாடு வாங்கலாமா? ஜில். அம்மாவின் தம்பி வந்து நம்மோடு இருக்கலாமா? ஜில். அவர் கைக்குள் மாட்டிக்கொண்டாலே எனக்கு நடுக்கம் வந்துவிடும், அப்புறம் எங்கே சூடு வரும்? வேண்டாம் என்று விட்ட எதிலும் கெடுதல் வரவில்லை. "பாத்தியா, தப்பிச்சோம்" என்பார் அப்பா. எதிலிருந்து தப்பித்தோம் என்று யாருக்கும் தெரியாது.

அம்மா எதுவும் பேசமாட்டாள். ஆண்டவர் விஷயத்தில் குறுக்கே பேசக் கூடாது என்று வளர்ந்தவள்.

அக்கா எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணிவிட்டு வீட்டில் இருந்தாள். வெளியூரில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் டிரெயினிங்குக்கு விண்ணப்பம் போட்டிருந்தாள். வரச் சொல்லி லெட்டர் வந்துவிட்டது. அதோடு வந்த பாரத்தில் பெற்றோர் கையெழுத்து போட்டு அனுப்ப வேண்டும். அக்கா அந்த லெட்டரை ஜாக்கெட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டு திரிந்தாள். அந்த வீட்டை விட்டு வெளியே போக அவளுக்கு இருந்த ஒரே வழி அது. கல்யாணம் என்றால் அதுவும் என் கையைத் தாண்டித்தானே வர வேண்டும்.

அப்பா என்னிடம், "மூணு நாள் ஜெபம் பண்ணு. அப்புறம் பாப்போம்" என்றார்.

மூன்றாம் நாள் அக்கா என்னைக் கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு போனாள். "ஒரே ஒரு வார்த்தைடி. சமாதானம் இருக்குன்னு சொல்லிடு. உனக்கு என் புது தாவணியத் தரேன். உன் காலத் தொட்டுக் கும்பிடணுமா? சொல்லு, கும்பிடறேன்."

சரி என்றேன். சத்தியமும் பண்ணினேன்.

சாயங்காலம் அப்பா என் கையை எடுத்தார். அது ஐஸ் கட்டி. நான் வாயைத் திறப்பதற்குள், "ஆண்டவர் கதவ அடைச்சிட்டார்" என்று பாரத்தை நாலாய்க் கிழித்தார். பொய் சொல்ல எனக்கு நேரம் கிடைக்கவில்லை என்று அக்காவிடம் சொன்னேன். அது பாதி நிஜம். மீதி நிஜம் என்னவென்றால், அவள் போய்விட்டால் அந்த வீட்டில் அப்பா கையில் நான் தனியாக மாட்டிக்கொள்வேன். அன்றைக்கு நான் நிம்மதியாகத் தூங்கினேன். சமாதானம் என்று எனக்கு முதலில் வந்தது அந்த ராத்திரிதான். அது எங்கிருந்து வந்தது என்று யோசிக்க எனக்குத் தைரியம் இல்லை.

அக்கா அழவில்லை. மறுநாள் காலையில் அடுப்பு முன்னால் உட்கார்ந்துகொண்டு கூப்பிட்டாள்.

"தீர்க்கதரிசியம்மா, இங்க வாங்க. ரசத்துக்குப் புளி போடலாமா? கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க."

ரெண்டு வருஷம் அதை அவள் நிறுத்தவில்லை. குழாயடியில் பத்துப் பேர் நிற்கும்போது, "எங்க வீட்டுல தங்கச்சி கையக் கேக்காம குடத்த எடுக்கமாட்டோம்" என்பாள். ஈரக் கையை என் பிடரியில் வைத்து, "ஜில்லுன்னு இருக்கா? அப்ப இன்னிக்கு நீ சாப்பிட வேணாம்ங்கறார்" என்பாள். குவார்ட்டர்ஸ் பொம்பளைகள் எல்லாரும் சிரிப்பார்கள். அந்த வழியாகக் காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்து போகும் உத்தர வீதிப் பெண் மட்டும் சிரிக்காமல் என்னைப் பார்ப்பாள்.

நான் மட்டும் சும்மா இருந்தேனா? சர்ச்சுப் பெண்கள் முக்கொம்புக்குப் பிக்னிக் போவதாக இருந்தது. அக்கா ஒரு வாரமாய் அதே பேச்சாக இருந்தாள், புடவைக்குக் கஞ்சி போட்டு மடித்து வைத்திருந்தாள். அன்றைக்கு ஜெபத்துக்கு முன்னால் நான் பின்கட்டுக்குப் போய் மண்பானைத் தண்ணீரில் மணிக்கட்டு வரைக்கும் கையை முக்கி, பாவாடையில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். அப்பா தொட்டார். அக்கா போகவில்லை. ஆண்டவர் பேரைச் சொல்லி நான் தெரிந்தே செய்த முதல் காரியம் அது. என் பயமாவது தானாக வந்தது. இதற்கு முழுக்க நானேதான் பொறுப்பு. பாவாடை ஈரத்தை அக்கா பார்த்துவிட்டாள்.

அடுத்த தடவை மிஷன் ஆஸ்பத்திரியிலிருந்து பாரம் வந்தபோது அக்காவுக்கு இருபத்தொன்று. அதற்கு மேல் வயது போனால் சேர்க்கமாட்டார்கள். இந்தத் தடவை அவள் கெஞ்சவில்லை. ஜெபத்துக்குக் கொஞ்சம் முன்னால் என் மணிக்கட்டைப் பிடித்து அடுப்படிக்குக் கொண்டுபோனாள்.

"பானையில முக்கத் தெரிஞ்ச கைக்கு அடுப்புல காட்டத் தெரியாதா? காட்டுடி."

கரியடுப்பு கனிந்திருந்தது. என் ரெண்டு கையையும் அதன் மேல் பிடித்துக்கொண்டு நின்றாள். தோல் காந்தியது. நான் கத்தவில்லை. கத்த எனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது.

அன்றைக்கு அப்பா ஜெபத்தை நீட்டிக்கொண்டே போனார். ரயில்வே அதிகாரிகளுக்கு, அரசாங்கத்துக்கு, உத்தர வீதிக்காரர்களின் மனந்திரும்புதலுக்கு, விதவைகளுக்கு. கை ஆறிக்கொண்டிருக்கும், போச்சு என்று நினைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு நானாக ஒரு ஜெபம் பண்ணினேன். பெரிசாக ஒன்றும் இல்லை. அவ போகட்டும், நான் இங்க இருந்துக்கறேன் என்று மட்டும். அவ்வளவுதான்.

அப்பா ஆமென் சொல்லிவிட்டு என் கையை எடுத்தார். எடுத்தவர் கீழே விட்டுவிட்டார், மறுபடியும் எடுத்தார்.

"சூடா இருக்கு" என்றார்.

"எனக்குச் சமாதானம் இருக்குப்பா. அக்கா போகலாம்."

நான் சொன்ன குரல் எனக்கே புதிதாக இருந்தது. விரல் நடுங்கவில்லை. அப்பா என் முகத்தையே பார்த்தார். அப்புறம் அக்காவைப் பார்த்தார். அறை என் கன்னத்தில் விழுந்தது.

"அடுப்புல காட்டிட்டு வந்து ஆண்டவர ஏமாத்தறியா? யாருடி சொல்லிக்குடுத்தா உனக்கு? அவ போகக் கூடாதுன்னா கூடாது. கை சூடா இருந்தா என்ன, வெந்தே போனா என்ன?"

சொல்லி முடித்த பிறகுதான் அவர் சொன்னது அவருக்கே கேட்டது போலிருந்தது. வேதப்புத்தகத்தை எடுத்துத் துணியில் சுற்றத் தொடங்கினார்.

அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். "ஜெபம் ஆரம்பிச்சு முக்கால் மணி நேரம் ஆச்சு. அடுப்புச் சூடு அவ்வளவு நேரமா நிக்கும்?" என்றாள்.

"நீ பேசாத."

மறுநாள் அப்பா டியூட்டிக்குப் போனதும் அம்மா அக்காவிடம் பாரத்தை வாங்கினாள்.

"எனக்கு ஆண்டவர் ஒண்ணும் பேசல. கையெழுத்துப் போடத் தெரியும், அவ்வளவுதான்" என்று சொல்லிப் போட்டுக் கொடுத்தாள்.

அக்கா போன அன்று டிரங்குப் பெட்டியை நான்தான் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். அப்பா பார்சல் ஆபீஸில் வாழைத்தாருக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தார். ரயில் வந்ததும் வெளியே வந்தார், தாரை ஏற்றினார், உள்ளே போனார். அக்கா ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்தாள். பிரியமாகப் பிடிக்கிறாள் என்று நினைத்து நானும் அழுத்திப் பிடித்தேன்.

"ஜில்லுன்னு இருக்கு. அப்பாடா, அப்ப இதுதான் சரியான வழி" என்று சிரித்துக்கொண்டு கையை விட்டாள்.

அதற்குப் பிறகு அப்பா என் கையைத் தொடவே இல்லை. எதையும் கேட்கவும் இல்லை. அவரே தீர்மானித்துவிட்டு, ஜெபத்தில் ஆண்டவரிடம் தெரிவித்துவிடுவார். அம்மாவுடன் ரெண்டு வருஷம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அக்காவின் கடிதங்கள் அம்மா பேருக்கு வந்தன. கடைசி வரியில் என்னைக் கேட்டிருப்பாளோ என்று ஒவ்வொரு தடவையும் கடைசி வரியை முதலில் படிப்பேன். இருக்காது.

ஒன்றரை வருஷம் கழித்து லீவில் வந்தாள். சதை போட்டிருந்தாள், நிமிர்ந்து நடந்தாள், ஒரு கடிகாரத்தைச் சின்னப் பையில் வைத்திருந்தாள். வந்த மறுநாள் மத்தியானம் என்னைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி மணிக்கட்டைப் பிடித்தாள். இந்தத் தடவை பரிகாசம் இல்லை. கடிகாரத்தைப் பார்த்து உதடு அசையாமல் எண்ணினாள். கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள்.

"பல்ஸ் வேகமா ஓடுது. ரத்தம் இல்ல. நரம்புத் தளர்ச்சியும் இருக்கும். புத்தூர்ல ஒரு டாக்டர்கிட்ட காமிச்சு டானிக் எழுதி வாங்கு" என்றாள். "இது ஆண்டவர் இல்லடி. இது நோவு. எங்க வார்டுல உன்ன மாதிரி தினம் நாலு பேர் வராங்க."

உள்ளே கட்டிலில் அப்பா படுத்திருந்தார். அவருக்குக் கேட்டிருக்கும். புரண்டு படுத்த சத்தம் வந்தது.

எனக்கு மனபாரம் இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. வண்டி கவிழ்ந்தது, படிப்பு நின்றது, விருத்தாசலம், பசுமாடு, அவளுடைய ரெண்டு வருஷம் எல்லாம் ஒரு பாட்டில் டானிக்கில் தீர்ந்திருக்கும் என்கிறாள். இருக்கலாம். படித்தவள் சொல்கிறாள். ஆனால் ஒன்றை மட்டும் விட எனக்கு மனசு வரவில்லை. அந்தக் கடைசி ஜெபம், அவ போகட்டும் என்று நான் கேட்டது, அப்புறம் வந்த அந்தச் சூடு. என் ஆயுசில் விரல் நடுங்காமல் நான் ஒரு வார்த்தை சொன்னது அன்றைக்குத்தான்.

"அன்னிக்கு மட்டும் கை சூடா இருந்துதேக்கா. அது என்ன?" என்று கேட்டேன்.

"அடுப்பு" என்றாள் அக்கா, கடிகாரத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டே.

அம்மா எதிரில்தான் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். முக்கால் மணி நேரம் என்று இன்னொரு தடவை சொல்வாள் என்று அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் தலை நிமிரவில்லை. பூச்சி அரித்த இலைகளை ஒவ்வொன்றாகத் தனியே எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.