சிவப்பும் நீலமும் ஒரு சாண் ஒழுங்கையும்

என் வீட்டுக்காரர் ஒரு பொருளைத் தெரிவு செய்வதென்றால் அது பாதி விரதம், பாதி திருவிழா. முன்னறைக்கு ஒரு மின்விசிறி வாங்க அவர் எடுத்த காலத்தில் அயலில் ஒரு கல்யாணம் பேசி, நடந்து, பிள்ளையும் பிறந்துவிட்டது. அந்த மனிதர் ட்ராக்டர் வாங்கப்போகிறார் என்று கேள்விப்பட்டதும் வெளிநாட்டிலிருக்கும் எங்கள் பிள்ளைகள் தொலைபேசியில் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சேர்ந்துதான் சிரித்தேன்.

ட்ராக்டர் ஆசை வந்ததற்குக் காரணம் வாடகைக்கு ட்ராக்டர் கொண்டுவந்து உழும் மெசின்காரர். நீர்வேலியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், ஒரு ஒடுக்கமான ஒழுங்கை வழியே போனால், எனக்குச் சீதனமாக வந்த காணி இருக்கிறது. முன்பாதி வாழை, பின்பாதி தென்னை, இடையில் என் மனம் போனபடி மரக்கறி. மழை பெய்து செம்மண் பதமாக இருக்கும் நாளில் மெசின்காரருக்கு அழைப்பு எடுத்தால், "நாளைக்கு வாறன் அக்கா" என்பார். அந்த நாளை, மண் காய்ந்து கல்லான பிறகுதான் விடியும். ஒருமுறை அவரைப் பார்த்துப் பார்த்தே புல் என் இடுப்பளவு வளர்ந்துவிட்டது. அன்றைக்குத் தொலைபேசியை மேசையில் வைத்துவிட்டு, "நாங்களே ஒண்டு எடுப்பம்" என்றேன். தபாற்கந்தோரில் அத்தனை வருடம் மற்றவர்களின் அவசரத்துக்கு முத்திரை குத்தியவள் நான். ஓய்வு பெற்ற பிறகாவது என் அவசரத்துக்கு ஒரு இயந்திரம் ஓடட்டுமே என்று பட்டது.

இன்னொன்றையும் மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்: அதை நான்தான் ஓடுவேன். வெளியே சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள் என்று தெரியும்.

வீட்டுக்காரர் கணித வாத்தியாராக இருந்தவர். அடுத்த வாரமே சாப்பாட்டு மேசை முழுக்க விளம்பரத் தாள்கள் பரவின. சோற்றுக் கோப்பையை மடியில் வைத்துச் சாப்பிட்டோம். கழித்துக் கழித்துக் கடைசியில் இரண்டு மிஞ்சின. ஒன்று சிவப்பு, மற்றது நீலம். சிவப்பு அகலமானது, பலமானது, கிளச்சை மிதித்துக் கியர் மாற்றி ஓடுவது. நீலம் சிறியது. அதில் கியர் மாற்றும் வேலையே இல்லை. உள்ளே எண்ணெய் அழுத்தத்தில் ஓடுகிறது. வலது காலால் ஒரு மிதியை முன்னுக்கு அழுத்தினால் முன்னே போகும், பின்னுக்கு அழுத்தினால் பின்னே போகும், காலை எடுத்தால் நிற்கும். இடது கால் சும்மா இருக்கலாம். நிறுத்தி வைக்கும்போது பிரேக்கில் ஒருதரம் வைத்தால் போதும்.

இடது கால் சும்மா இருக்கலாம் என்ற வரியை வாசித்ததும் என் நெஞ்சு ஒருதரம் துள்ளியது. கீரிமலைக் கேணிப் படியில் வழுக்கி விழுந்த நாளிலிருந்து என் இடது முழங்கால் நடக்கும், மடங்கும், ஆனால் எதையும் அழுத்தி மிதிக்காது. நான் ஓடும் ஸ்கூட்டிக்கு அது தேவைப்படவில்லை. சிவப்புக்குத் தேவைப்படும். ஆகவே சிவப்பு வந்தால் அது அவருடைய மெசின். நான் என் சொந்தக் காணியில், என் சொந்த வீட்டு மனிதரிடமிருந்து, "நாளைக்கு வாறன்" என்பதைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

"நீலத்தை எடுப்பம்" என்றேன்.

"நீர் நிறத்தைப் பாத்துச் சொல்லுறீர்" என்றார் அவர். "கியர் எண்டால் ஒரே வேகத்திலை இழுக்கும். உது எண்ணெய்யிலை பாதிப் பலத்தைத் திண்டுபோடும். பழுதானா எங்கடை சந்தி கராச்சிலை ஆர் உதைத் திருத்துறது?"

நியாயமான கேள்விதான். மறுக்கவில்லை. ஆனால் நான் வேறு கணக்குப் பார்த்திருந்தேன். "உழவு வருசத்துக்கு ஒருக்கா, மிஞ்சினா ரெண்டுதரம். மற்ற நாளெல்லாம் என்ன வேலை? தென்னையைச் சுத்திப் புல்லு வெட்டுறது, எரு ஏத்துறது, வாழைக்குலையைப் படலைக்குக் கொண்டாறது. முன்னுக்குப் போ, பின்னுக்கு வா, முன்னுக்குப் போ, பின்னுக்கு வா. ஒவ்வொரு மரத்துக்கும் கிளச் மிதிச்சா உங்கடை காலும் என்ரை கால் மாதிரித்தான் வரும்."

அவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு யோசித்தார். பிறகு, ஒரு நெம்புகோலைத் தள்ளினால் முன்பின் மாறும் மூன்றாவது மொடல் ஒன்றை மேசையில் போட்டார். அதிலும் கிளச் இருந்தது. தாளைத் திருப்பி வைத்துவிட்டேன்.

வாசல் படலையடிக்கு வந்த ஆண்கள் எல்லோரும் கியர் என்றார்கள். பத்திரிகை போடுகிறவர், தண்ணீர்க் குழாய் பார்க்க வந்தவர், மா அரைத்துக்கொண்டு போகிறவர், ஒருவர் மிச்சமில்லை. மோட்டார் சைக்கிளைத் தவிர வேறொன்றும் ஓடியறியாதவர்கள்கூட, ட்ராக்டர் வயிற்றிலிருந்து பிறந்தவர்கள் மாதிரிக் கதைத்தார்கள். நீலம் என்று சொன்ன ஒரே ஆள் பக்கத்து வளவு அக்கா.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். காணிக்குப் போகும் ஒழுங்கையின் ஒரு பக்கம் முழுக்க யாரோ கட்டிவிட்டு வெளிநாடு போன மதில். மறுபக்கம் முழுக்க அக்காவின் வேலி. எங்கள் ஊரில் வேலி என்பது வருடத்துக்கு ஒருமுறை புதிதாக அடைக்கப்படும்போது கொஞ்சம் நடக்கும் பொருள். வேலித்தடியான பழைய கதியாலைப் பிடுங்கிப் புதியதை நடும்போது குழி ஒரு விரல்கடை அந்தப் பக்கம் விழும். இதை வேலி அரக்குவது என்போம். என் அப்பா காலத்தில் அக்கா வீட்டார் எங்கள் ஒழுங்கைக்குள் அப்படி அரக்கி, இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லாமல் போய், கல்யாண வீடு செத்தவீடு ஒன்றுக்கும் போகாமல் இருந்தோம். பெரியவர்கள் எல்லோரும் போன பிறகு அக்காவும் நானும் தனித்துப்போனோம். ஒருநாள் அக்காவே வேலியில் ஆள் புகும் அளவுக்கு ஒரு பொட்டு வைத்தார். அதன் வழியாக முதலில் கறிவேப்பிலை வந்தது, பிறகு அக்கா வந்தார். அதன்பிறகு எங்களுக்குள் ஒளிவுமறைவு கிடையாது.

"ஆர் ஓடப்போறது, நீயோ அவரோ?" என்று அக்கா கேட்டார்.

"நான் ஓட ஆசைப்படுறன் அக்கா. அவர் சிவப்பிலை நிக்கிறார்."

அக்கா முருங்கைக்காயை முறித்துக்கொண்டிருந்தார்.

யாழ்ப்பாணத்துக் கடைக்குப் போனோம். கடைப் பொடியன் எனக்கு ஒரு பிளாஸ்டிக் கதிரையும் சோடாவும் தந்து உட்கார வைத்துவிட்டு, மெசினைப் பற்றி முழுக்க அவருக்கே விளக்கினான். அவர் சிவப்பில் ஏறி முற்றத்தைச் சுற்றி இறங்கினார். முகத்தில் மாப்பிள்ளைக் களை. நான் சோடாவைக் கீழே வைத்துவிட்டு நீலத்தடிக்குப் போனேன்.

"தம்பி, நான் ஒருக்கா ஏறிப் பாக்கட்டோ?"

"அன்ரி, இது ஸ்கூட்டி இல்லை."

"தெரியும் தம்பி. ஸ்கூட்டிக்கு ரெண்டு சில்லு."

ஏறினேன். வலது காலை வைத்து மெல்ல அழுத்தினேன். அது போனது. எடுத்தேன், நின்றது. பின்னுக்கு அழுத்தினேன், பின்னுக்கு வந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியாத சிரிப்பு, பள்ளிக்கூடத்தில் கடைசி வாங்கில் இருந்து சிரிப்போமே, அது. முற்றத்தில் நின்ற தண்ணீர்த் தாங்கியை ஒரு சுற்று, கொடிமல்லிகைச் சாடிகளை ஒரு சுற்று, என் வீட்டுக்காரரை ஒரு சுற்று. அவர் நடுவில் நின்று என்னோடு சேர்ந்து திரும்பிக்கொண்டிருந்தார். இறங்கச் சொன்னபோது இன்னும் ஒரு சுற்று என்றேன். அறுபதை நெருங்கும் பெண் அப்படிக் கேட்பாளா என்றால், கேட்டேன்.

வீடு திரும்பும் வழியில் பேருந்தில் அவர் மெதுவாக, "நல்லாத்தான் ஓடினீர்" என்றார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "ஆனா ஆசை வேறை, வேலை வேறை. சிவப்புத்தான் சரி."

அன்றிரவு அவருக்குச் சோறு போட்டேன், பேச்சுப் போடவில்லை.

மறுநாள் அவர் அளவு நாடாவோடு ஒழுங்கைக்குப் போனார். சிவப்பின் அகலத்தை அளந்து வந்திருந்தார். மதிலுக்கும் வேலிக்கும் நடுவே அது போகும், இரண்டு பக்கமும் கை வைக்க இடமும் இருக்கும். அக்கா வேலிக்கு மேலால் தலையை நீட்டி, "என்ன வாத்தியார், ஒழுங்கைக்குக் களிசான் தைக்கப்போறியளோ?" என்று கேட்டார். அவர் பெருமையோடு எல்லாவற்றையும் விளக்கினார். எவ்வளவு அகலம், எவ்வளவு மிச்சம், எப்போது கடைக்காரர் கொண்டுவந்து காட்டப்போகிறார்கள், ஒழுங்கையால் உள்ளே போனால் எடுப்பது என்று பேசியிருப்பது வரைக்கும். கணித வாத்தியாருக்கு அக்கறையாகக் கேட்கும் மாணவி கிடைத்தால் சும்மா விடுவாரா.

அந்த வாரம் அக்கா தன் வேலியைப் பிரித்து அடைத்தார். உக்கிப்போயிற்று என்றார். உக்கித்தான் இருந்தது. எனக்கு இருந்த கவலையில் நான் எட்டிப் பார்க்கவில்லை.

சிவப்பு லொறியில் வந்து இறங்கியது. என் வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டி, நெற்றியில் திருநீறு பூசி, தானே ஏறினார். அக்கா பொட்டடியில் ஒரு கதிரை போட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மெசின் ஒழுங்கைக்குள் புகுந்து கொஞ்சத் தூரம் போனது. பிறகு ஓலை கிழியும் சத்தம். பின் சில்லின் மட்காட் வேலிக்குள் போய், ஒரு கதியால் நொறுங்கி, மெசின் மதிலுக்கும் வேலிக்கும் நடுவே ஆப்பு மாதிரி இறுகி நின்றது.

"கணக்கு உப்பிடி வராதே" என்றார் அவர். இறங்க இடமில்லாமல் பின்பக்கத்தால் ஏறிக் குதித்து, அளவு நாடாவை எடுத்துவந்து அளந்தார். திரும்பவும் அளந்தார். நாடாவைத் தூக்கி வெயிலில் பிடித்துப் பார்த்தார். பாவமாக இருந்தது. எனக்குள்ளே இன்னொருத்தி காவடி ஆடிக்கொண்டிருந்தாள்.

கடைப் பொடியன் தலையைச் சொறிந்தான். "சேர், சின்னதைக் கொண்டுவரட்டோ?"

அவர் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

நீலம் வந்த நாளில் அக்கா கதிரை போடவில்லை. பொட்டால் வெளியே வந்து ஒழுங்கை முகப்பில் நின்றார். கையில் நான்கு தேசிக்காய். புது வாகனத்தின் சில்லுக்கு அடியில் வைத்து நசுக்க வேண்டியவை. சிவப்பு வந்த அன்று அக்காவின் கையில் ஒன்றும் இருக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

முதலில் அவர்தான் ஏறினார். முன்பு கார் ஓடிய பழக்கம், இடது கால் கிளச்சைத் தேடிப் போய், அங்கே இருந்த பிரேக்கை முழுப் பலத்தோடு மிதித்தது. மெசின் திடுக்கிட்டு நிற்க, கண்ணாடி மூக்கிலிருந்து மடிக்கு வந்தது. மறுபடி எடுத்தார், மறுபடியும் அதே. தேசிக்காய்கள் நசுங்காமல் உருண்டன. அக்கா அவற்றைப் பொறுக்கித் திரும்பவும் சில்லடியில் வைத்தார்.

அவர் இறங்கிவந்து எனக்கு முன்னால் நின்றார். "உம்மடை காலுக்குத்தான் உது செய்திருக்கு" என்றார். கோபமாக இல்லை. கண்ணாடியைத் துடைத்தபடி சிரித்தார். எனக்கு அழுகை வரும்போல இருந்தது. அதற்கு நேரம் கொடுக்காமல் ஏறிவிட்டேன்.

நான்கு தேசிக்காயும் ஒன்றாக நசுங்கின. ஒழுங்கைக்குள் புகுந்தேன். அவர் முன்னால் பின்புறமாக நடந்துகொண்டு, பேருந்து நடத்துநர் மாதிரி, "வாரும், வாரும், கொஞ்சம் இடக்கை, வாரும்" என்று கையை ஆட்டினார். மதிலும் வேலியும் இரண்டு பக்கமும் ஒதுங்கிப் போயின. காணிக்குள் நுழைந்ததும் நான் காலை எடுக்கவேயில்லை. தென்னையைச் சுற்றினேன், வாழை வரிசை முடியும் வரை போனேன், வந்தேன். கத்தினேன் என்றுகூடச் சொன்னார்கள்.

பின்னேரம் அக்கா தேத்தண்ணி குடிக்க வந்தபோது கேட்டேன். "அக்கா, வேலி எவ்வளவு அரக்கினனீங்கள்?"

"ஒரு சாண்" என்றார் அக்கா, பணிஸைத் தேத்தண்ணியில் தோய்த்துக்கொண்டு. "பெரிசு வரக்கூடாது, சின்னது வரவேணும். உன்ரை மனிசன்தான் கணக்கெல்லாம் வடிவாச் சொல்லித் தந்தவர்."

"ஏன் அக்கா?"

"அவர் ஓடினா எனக்கு எரு ஏத்தித் தரச்சொல்லி ஆரிட்டைக் கேக்கிறது? நீயெண்டா வேலியாலை கூப்பிடலாம்." மிச்சப் பணிஸையும் தோய்த்துவிட்டு, "நீ ஓடவேணும் எண்டு நினைச்சனான். பயப்படாதை, அடுத்தமுறை அடைக்கேக்கை திருப்பி அரக்கிவிடுறன்" என்றார்.

அடுத்தமுறை வந்தது. வேலி அடைக்க இரண்டு பேர் வந்து பழைய கதியால்களைப் பிடுங்கத் தொடங்கிய காலை, அக்கா சொன்னபடி பழைய கோட்டில் கயிறு கட்டச் சொல்லிக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரரும் அளவு நாடாவோடு வந்து நின்றார். கயிறு போகும் இடத்தைப் பார்த்ததும் தன் பழைய கணக்கு எங்கே பிழைத்தது என்று அவருக்கு விளங்கிவிட்டது. ஒழுங்கை பழைய அகலத்துக்கு வந்தால், நீலத்தைக் கொடுத்துவிட்டுச் சிவப்பை மாற்றலாமோ என்று ஒரு யோசனை அவருக்கு.

நான் கையில் வைத்திருந்த தேத்தண்ணித் தட்டை மதில் மேல் வைத்துவிட்டு, ஒழுங்கைக்குள் குனிந்து, அக்கா அரக்கிய குழியைக் காட்டினேன்.

"தம்பிமார், இதிலைதான் போடவேணும். ஒரு விரல்கூட அங்காலை, அக்காவின்ரை பக்கம் போகக்கூடாது" என்றேன். "இது என்ரை அப்பா காலத்து எல்லை."