மீசை எடுத்த மச்சான்

மீசையை எடுத்துவிட்டால் ஒரு மனுஷனை யாராலும் அடையாளம் கண்டுபிடிக்க முடியாது என்று மனதார நம்பினேன். சாதாரண ஆள் நம்பினால் மன்னித்துவிடலாம். நான் இருபத்திரண்டு வருஷமாக மூஞ்சி வரைந்தே சோறு தின்கிறவன்.

உத்திரமேரூரில் எங்கள் வீட்டு மாடியறைதான் என் ஆபீஸ். ஒரு மேசை, ஒரு டேப்லெட், கரண்ட் போனால் கைகொடுக்க ஒரு இன்வெர்ட்டர். சிறுவர் பத்திரிகைக்கு மாதம் ஒரு பக்கம் பூனைக் கதை வரைந்து ஆரம்பித்தவன். அப்புறம் யார் யாரோ எழுதிய கதைகளுக்குப் படம். அதற்கும் அப்புறம், எனக்கே வாயும் கதையும் இருக்கும்போது எதற்கு அடுத்தவன் வசனத்துக்குக் குமிழ் வரைய வேண்டும் என்று தோன்றி, சொந்தமாக ஒரு சித்திர நாவலில் இறங்கினேன். மூன்று வருஷம், நூற்றுநாற்பது பக்கம். ஏரித் தண்ணீரைப் பற்றிய கதை. தன் முறை வருவதற்கு முன்பே மதகைத் திறந்து தண்ணீர் திருடுகிற ஒருவன்தான் அதில் வில்லன். நல்ல புத்தகம். அடக்கமாகச் சொல்லிக்கொள்ளலாம்தான், ஆனால் அடக்கமாக வரைந்தால் வில்லன் எடுபடமாட்டான்.

அந்த வில்லனுக்கு ஒரு உடம்பு தேவைப்பட்டது. நான் கற்பனையிலிருந்து ஆளை வரைவதில்லை. யாரையாவது நிற்கவைத்து போட்டோ எடுத்து, அதைப் பார்த்துத்தான் வரைவேன். மதகுப் பக்கம் நிற்க எனக்குக் கிடைத்த ஒரே ஆள் என் மச்சான். மனைவியின் அண்ணன், சாலவாக்கத்தில் விவசாயம். அவர் நின்றாலே ஒரு காட்சி. இடுப்பில் அகல பெல்ட், ஒரு கையில் லுங்கி முனை, முன்னால் போகிற வயிறு, அதற்கு முன்னால் போகிற மீசை. வெயிலில் இரண்டு மணி நேரம், மதகுக் கதவை ஏற்றி இறக்குகிற ஷட்டர் சக்கரத்தைத் திருகிக்கொண்டே நின்றார். அறுபது போட்டோ எடுத்தேன்.

"மாப்ள, நான்தான் ஹீரோவா?" என்று கேட்டார்.

"முக்கியமான பாத்திரம் மச்சான்" என்றேன். பொய் சொல்லவில்லை.

இதில் இரண்டு சங்கதி உண்டு. ஒன்று, அந்த ஊர் விவசாயிகளெல்லாம் கூடி, ஏரித் தண்ணீரை முறைவைத்துத் திறந்துவிடும் பொறுப்பை ஒப்படைத்திருப்பது இந்த மச்சானிடம்தான். பதினாலு வருஷமாக அவர்மேல் ஒருத்தன் வாய் திறந்ததில்லை. அவரைத்தான் நான் தண்ணீர்த் திருடனாக்கியிருந்தேன். இன்னொன்று, பொம்மை போடுகிறவனுக்கு எப்படிப் பெண் கொடுப்பது என்று அவர்கள் வீட்டில் எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்டபோது, "கை சும்மா இல்லாத ஆளு, நம்பிக் குடுக்கலாம்" என்று பேசி முடித்ததும் இவர்தான். எனக்குத் தைரியம் கொடுத்தது மீசை. அதை வழித்துவிட்டேன். போதாததற்குப் புத்தகம் சென்னையில் விற்கப்போகிறது. சாலவாக்கத்தில் யார் பார்க்கப்போகிறார்கள்?

நானேதான் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதாவது, நாங்கள்.

மகளுக்கு ஐந்து வயது, காது குத்த வேண்டும். தாய்மாமன் மடியில் உட்கார்த்திவைத்துத்தான் குத்துவது வழக்கம். மாமன் வராமல் குத்தினால், அண்ணன் தங்கச்சி உறவு முறிந்துவிட்டது என்று தம்பட்டம் அடித்த மாதிரி. முறைப்படி அழைக்க நானும் மனைவியும் தட்டு, பூ, பழம், வெற்றிலை பாக்கோடு டவுன் பஸ்ஸில் சாலவாக்கம் போனோம். மச்சான் கழனிக்குப் போயிருந்தார். அவர் மனைவியிடம் தட்டைக் கொடுக்கப்போன நேரத்தில், என் மனைவி பையிலிருந்து எதையோ எடுத்து வாழைப்பழத்தின் மேல் வைத்தாள். என் புத்தகம். வீட்டுக்காரன் புத்தகம் என்று பெருமை. படிக்கவில்லை, பெருமை மட்டும்.

நான் எட்டிப் பிடிப்பதற்குள் தட்டு கைமாறிவிட்டது.

"அக்கா, அத இப்ப தொறக்காதீங்க, மை இன்னும் காயல" என்றேன்.

"அப்பிடியா தம்பி? ஃபேனுக்குக் கீய வெக்கிறேன்" என்று சொல்லி, புத்தகத்தை நன்றாக விரித்து, கூடத்துக்கு நடுவில், வருகிறவன் போகிறவன் பார்வை படுகிற இடத்தில் வைத்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மனைவியிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"எங்க அண்ணனையா?"

"மீசை இல்ல."

"மீசை இல்லன்னா எங்க அண்ணன் மாறிடுவாரா? நாளைக்கு நீங்க மொட்ட போட்டுக்கினு வந்தா நான் யாரோன்னு கதவ சாத்திக்கிறேன், பாருங்க."

மச்சான் தினமும் காலை ஏழரைக்கு ஏரிக்கரையிலிருந்து போன் செய்வார். விசேஷமாக எதுவும் இருக்காது. "நாஷ்டா ஆச்சா?" என்பார், அவ்வளவுதான். மறுநாள் போன் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் தங்கையே கூப்பிட்டு, "அண்ணே, ஞாயித்துக்கெழம காலைலயே வந்துடுவ இல்ல?" என்று கேட்டாள். "பாக்கலாம்" என்று சொல்லி வைத்துவிட்டார். தாய்மாமன் வாயிலிருந்து வரக்கூடாத ஒரு வார்த்தை தமிழில் உண்டென்றால் அது இதுதான். மனைவி போனைக் கீழே வைத்தாள். அடுப்படிக்குப் போய், ஏற்கெனவே கழுவிய பாத்திரங்களை மறுபடி கழுவினாள்.

நான் மாடிக்குப் போய் என்ன செய்தேன் என்பதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. மச்சானைக் கலெக்டராக்கி ஒரு பக்கம் வரைந்தேன். மீசையோடு. அவர் வெள்ளத்தில் நின்று இரண்டு கையிலும் இரண்டு ஆட்டுக்குட்டிகளைத் தூக்கிக்கொண்டிருக்கிறார், சுற்றிலும் ஜனங்கள் கும்பிடுகிறார்கள். அவ்வளவு வேகமாக என் வாழ்க்கையில் வரைந்ததில்லை. ஜனங்களின் விரல்கள்கூடச் சரியாக வந்திருந்தன. அப்புறம் ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதினேன். கடிதம் எழுதிப் பழக்கம் இல்லை, அதனால் ஓரத்தில் என் சாயலில் அழுகிற ஒருவனை வரைந்தேன். அவனுக்கும் தொப்பை வந்துவிட்டது. பழக்கதோஷம். கடைசியில் இரண்டையும் அழித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, ஊருக்கு வெளியே குலதெய்வக் கோயில். காது குத்தும் பத்தர் வந்துவிட்டார், அவர் கொண்டுவந்த கம்மல் தட்டில் இருக்கிறது, மகள் புதுப் பாவாடையில் சுற்றிச் சுற்றி ஓடுகிறாள். நல்ல நேரம் பத்தரை வரைதான். மணி பத்து. சாலவாக்கத்திலிருந்து ஒருவரும் இல்லை.

"வேற யாராச்சும் மாமன் மொறைல இருந்தா ஒக்காருங்களேன், நாழியாவுது" என்றார் பத்தர்.

என் மனைவி அவரைப் பார்த்த பார்வையில் அவர் ஊசியைத் துணியில் துடைக்க ஆரம்பித்தார். அடுத்து அவள் என்னைப் பார்த்தாள். எனக்குத் துடைக்கக்கூட எதுவும் இல்லை.

பத்தே காலுக்கு மச்சானின் வண்டி வந்தது. பின்னால் அக்கா, மடியில் சீர்த்தட்டு. மச்சானின் பெல்ட்டில் சுருட்டிச் செருகியிருந்தது என் புத்தகம். நேராக வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்து மருமகளை மடியில் வாங்கிக்கொண்டார். "மாமா கீறேன், பயப்படாத" என்று அவள் காதோரம் சொன்னார். இரண்டு காதும் குத்தியாயிற்று. அவள் அழுத அழுகையில் பாதி எனக்காக என்று நான் வைத்துக்கொண்டேன்.

அப்புறம்தான் கூப்பிட்டார். "மாப்ள, இங்க வா."

வேப்பமரத்துப் பக்கம் போனோம். புத்தகத்தைப் பிரித்து ஒரு பக்கத்தைக் காட்டினார். வில்லன் மதகின்மேல் நின்று ஷட்டர் சக்கரத்தைத் திருகுகிற கட்டம்.

"இது யாரு?"

"அது… கற்பன மச்சான்."

"கற்பனையா? பெல்ட்டு என்னுது, நிக்கிறது என்னுது, தொப்ப என்னுது. மூஞ்ச மட்டும் செரச்சி வுட்டுக்கிற." அந்தக் கட்டத்தை விரலால் தட்டினார். "சரி, கதன்னு இருந்தா திருடன் ஒர்த்தன் வோணும், வெச்சிக்க. ஆனா இந்த ஷட்டர இவன் இன்னாத்துக்கு இப்பிடி திருவுறான்?"

"எப்படி?"

"வலப்பக்கமா! வலப்பக்கம் திருவினா மூடிக்கும்யா. தண்ணி திருட வந்தவன் ஷட்டர மூடிட்டுப் போறான். ஏரிக்கரைல அத்தினி பேரும் இத கைக்கு கை வாங்கிப் பாத்துட்டு சிரிக்கிறானுங்க. 'இன்னா தலைவரே, பதினாலு வருஷமா இப்பிடித்தான் தொறந்துக்கினு இருந்தியா, அதான் எங்க கழனிக்கு தண்ணி வர்லியா'ன்னு கேக்கிறானுங்க. நாலு நாளா கரப்பக்கமே போவல நானு. உனுக்கு போன் பண்ணா அசிங்கமா எதனா சொல்லிடுவேன்னுதான் பண்ல."

படத்தைக் குனிந்து பார்த்தேன். அவர் சொன்னது சரி. போட்டோவில் மச்சான் இடப்பக்கம் பார்த்து நின்றார். என் கதையில் தண்ணீர் அடுத்த கட்டத்துக்குள், வலப்பக்கம் பாய வேண்டும். நாம் படிப்பதே இடமிருந்து வலமாகத்தானே. அதனால் படத்தை முழுசாக வரைந்து முடித்த பிறகு டேப்லெட்டில் ஒரே தட்டில் கண்ணாடியில் தெரிகிற மாதிரி திருப்பிப் போட்டேன். திருப்பினால் சட்டைப் பை வலது நெஞ்சுக்குப் போய்விடும், அதைப் பொறுப்பாக இடதுக்கு மாற்றினேன். சக்கரம் சுற்றுவதைக் காட்ட நான் போட்டிருந்த வளைந்த அம்புக்குறியும் சேர்ந்து திரும்பியது. அதை நானும் பார்க்கவில்லை, அச்சுக்குப் போவதற்கு முன்பு பார்த்த மூன்று பேரும் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் ஏரிக்கரைக்காரர்கள்.

"அப்ப உங்கள திருடனாக்குனதுக்கு கோவம் இல்லியா மச்சான்?"

"கீது. அத அப்பறம் வெச்சிக்கிறேன். மொதல்ல இத சரி பண்ணு."

"'பாக்கலாம்'னு சொன்னீங்களே. வரமாட்டீங்களோன்னு அவ தவிச்சிப்போயிட்டா."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "என் தங்கச்சி பொண்ணுக்கு காது குத்து. நான் வராம? கம்மல் ரெடியாவலன்னு பத்தரு இழுத்தடிச்சிக்கினு இருந்தான், அந்த பேஜார்ல சொன்னது. இன்னைக்கி அவன் எடுத்தாந்தானே, கொழந்தைக்கு நான் போடற கம்மல்யா அது!"

பந்தியில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தார். இரண்டு தடவை வடை கேட்டு வாங்கினார், ஒன்றை என் இலையில் போட்டார். மறுநாள் காலையில் என்னைச் சாலவாக்கத்துக்கு வரச்சொல்லி, மதகின்மேல் ஏற்றி, நாலு பேர் பார்க்க அந்தச் சக்கரத்தை என் கையாலேயே திருகவைத்தார். திறக்க இடப்பக்கம், மூட வலப்பக்கம். உள்ளங்கையில் கொப்புளம் கண்டது. இரண்டாம் பதிப்புக்கு அந்தக் கட்டத்தை மட்டும் மறுபடி வரைந்தேன். அரைமணி நேர வேலை.