எனக்குப் போடாத ஊசி

வெள்ளைக்காரன் போட்ட அவசர காலத்தில் எங்கள் ரப்பர் தோட்டத்து லயத்து வீடுகளைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போய்விடக் கூடாதாம். பால்மரம் வெட்டப் போகிற பெண்களை முந்தானையை உதறிக் காட்டச் சொல்வார்கள். அந்த வேலி வாசலில் துப்பாக்கியோடு விறைத்து நின்ற ஸ்பெஷல் போலீஸ் என் புருஷன். லீவுக்குச் செரம்பான் டவுனுக்குப் போய் அவர் எதை வாங்கி வந்தார் என்று மட்டும் எவனும் சோதிக்கவில்லை.

வந்தது வெட்டை நோய். ஒண்ணுக்குப் போகும்போது கத்தினார், சீழ் வடிந்தது. "சூடு புள்ள, வெயில்ல நின்னு நின்னு ஒடம்பு சூடாயிடுச்சு" என்றார். நானும், பைத்தியக்காரி, பார்லி காய்ச்சிக் கொடுத்தேன். பிறகு தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸரிடம் ரகசியமாக ஊசி போட்டுக்கொண்டு தேறிவிட்டார். பெண்டாட்டியையும் கூட்டிவா என்று அந்த மருந்துக்காரப் புண்ணியவான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆம்பளைக்கு ஆம்பளை மானத்தைக் காப்பாற்றினார்களாம். தூ!

எனக்கு அடிவயிற்றில் வலி, காய்ச்சல். அதையும் சூடு என்றார்கள். பிள்ளை தங்கவே இல்லை. மாமியார் வாய்க்கு வாய் மலடி என்றார். வளைகாப்பு வீடுகளில் என்னைக் கூப்பிடுவது நின்றுபோனது. கடைசியில் செரம்பான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் பார்த்த பிறகு நர்ஸ் தனியாகக் கேட்டாள்: "ஒங்க வீட்டுக்காரருக்கு வெட்டை வந்துச்சாம்மா?" கருக்குழாய் புண்ணாகி அடைத்துவிட்டதாம். பெண்ணுக்கு வெளியே அதிகம் தெரியாமலே உள்ளே கெடுக்குமாம். அன்றே எனக்கும் ஊசி போட்டிருந்தால் தப்பித்திருப்பேனாம்.

வீட்டில் கேட்டேன். "வாய மூடு புள்ள, வெளிய தெரிஞ்சா கேவலம்லா" என்றார் அந்த வீரர்.

கொஞ்ச நாளில் கெமாஸ் பக்கம் அவருக்கு இரண்டாம் தாரம் பார்த்தார்கள். மூத்தவளுக்குச் சம்மதம் என்று காட்ட என்னையே தாம்பாளம் தூக்க வைத்தார்கள். காப்பி கொண்டுவந்த பெண் என்னைப் பார்த்து, "அக்கா, எடுத்துக்குங்க" என்றாள். சின்னப் பெண்.

"மூத்தவளுக்குத்தான் கொடுப்பினை இல்ல" என்று மாமியார் ஆரம்பித்தார்.

நான் தாம்பாளத்தைக் கீழே வைத்துவிட்டுப் பெண்ணின் அப்பாவிடம் சொன்னேன். "ஐயா, இவருக்கு வெட்டை வந்துச்சு. ஊசிய இவரு மட்டும் போட்டுக்கிட்டாரு, எனக்குச் சொல்லல. என் வயிறு அதுல போச்சு. இன்னும் செரம்பான் போய்ட்டுத்தான் வர்றாரு. ஒங்க மககிட்ட மட்டும் சொல்லிடுவாரா?"

அவர் என் புருஷனைப் பார்த்தார். "நெசமா தம்பி?"

ஊரையே உதறிப் பார்த்த மனுஷன் எழுந்து, வாசலில் கழற்றிவிட்ட பூட்ஸை மாட்டப் போனார். பெண்ணின் அப்பா மகளை உள்ளே போகச் சொன்னார். பிறகு தாம்பாளத்தைத் தூக்கி மாமியார் மடியில் வைத்தார்.