கண்ணாடி அலுமாரி திறந்த வாரம்

சென்ற வாரம் என் மகளின் முன்பள்ளி டீச்சர் வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு அனுப்பியிருந்தார். புதன்கிழமை பெரிய இடத்திலிருந்து ஆட்கள் பார்க்க வருகிறார்களாம். ஒவ்வொரு பிள்ளையும் வீட்டிலிருந்து இரண்டு நல்ல விளையாட்டுச் சாமான்கள் கொண்டுவர வேண்டுமாம். "தெனமும் இங்க வச்சு வெளயாடுற மாதிரி இருக்கணும், அதையும் பிள்ளைக்குக் கொஞ்சம் சொல்லிக் குடுத்து அனுப்புங்க" என்று கடைசியில் ஒரு வரி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ரெண்டு பொம்மைதான, குடுத்துவிட்டா என்ன கொறஞ்சா போயிரும்?" என்றார் என் கணவர். பொம்மையைக் கொடுப்பதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்து அனுப்பு என்றதுதான் பொறுக்கவில்லை. அப்படிச் சொல்லிக் கொடுக்கப்பட்ட ஒரு பிள்ளையாக நானே ஒரு காலத்தில் நின்றிருக்கிறேன்.

அப்போது நாங்கள் மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தோம். அப்பாவுக்குக் கொழும்பில் ஒரு கடையில் வேலை. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வருவார். அம்மா கொழுந்து எடுப்பவள். ஒரு மழை நாளில் மலையில் சறுக்கி விழுந்து இடுப்பில் அடிபட்டதிலிருந்து கூடையைச் சுமந்து மேடு ஏற அவளால் முடியவில்லை. இனி மலைக்குப் போகக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் துண்டு எழுதிக் கொடுத்தார்கள். அந்தத் துண்டை வைத்துக்கொண்டு ஆபீசுக்கு நடையாய் நடந்து, கெஞ்சக் கூடாதவர்களை எல்லாம் கெஞ்சி, கடைசியில் பிள்ளைக் காம்பராவில் ஆயா வேலையை வாங்கினாள். மலைக்குப் போகிற தாய்மார் கைக்குழந்தைகளையும் பள்ளிக்கூட வயது வராத சிறுசுகளையும் காலையில் விட்டுப்போகும் இடம்தான் பிள்ளைக் காம்பரா. ஆறு மாதம் பார்ப்போம், சரிவந்தால் நிரந்தரம், சரிவராவிட்டால் பழையபடி மலைக்கு என்பது பேச்சு. வீட்டில் விளக்கேற்றும்போதெல்லாம் அம்மா முணுமுணுத்தது அந்த நிரந்தரத்தைத்தான்.

நான் இரண்டாம் வகுப்பு. பள்ளிக்கூடம் விட்டதும் நேரே அங்கேதான் போவேன். பதினெட்டுப் பிள்ளைகள், பதினெட்டு ஒழுகும் மூக்கு, அம்மாவின் தோளில் ஒரே ஒரு துவாய். தேயிலைக் கொட்டைகளைப் பரப்பி எண்ணச் சொல்லிக் கொடுப்பாள். அடுப்புக் கரியால் தரையில் பூனை வரைவாள். சாப்பிடும் முன் எல்லோரையும் வரிசையாக நிறுத்தி, தானே கட்டிய பாட்டு ஒன்றைப் பாடுவாள்: "கையே கையே எங்க போன? சேத்துக்குள்ள வெளயாடப் போனேன். வாயி கேட்டா என்ன சொல்லுவ? கழுவிட்டுத்தான் கிட்ட வருவேன்." சில தாய்மார், தண்ணீர்ப் பீலியில் துணி துவைக்கும்போதுகூட அந்தப் பாட்டை முணுமுணுத்தார்கள்.

அந்தக் காம்பராவின் சுவரோரம் ஒரு கண்ணாடி அலுமாரி இருந்தது. எப்போதோ யாரோ வெளிநாட்டு ஆட்கள் வாங்கிக் கொடுத்த சாமான்கள் அதற்குள். சிவப்பு ரயில், கண்ணை மூடித் திறக்கும் பொம்மை, மரக்கட்டைகள், குட்டிக் கோப்பை பீங்கான். சாவி வெல்பயர் ஐயாவிடம். தோட்டத்து ஆட்களின் நலத்தைக் கவனிக்கவென்று ஆபீசில் ஒருவர் இருப்பார், அவருக்குத்தான் அந்தப் பெயர். அலுமாரியின் நலத்தை அவர் கண்ணும் கருத்துமாகக் கவனித்தார். நாங்கள் கண்ணாடிக்கு வெளியே நின்றே பாகம் பிரித்து வைத்திருந்தோம். ரயில் எனக்கு. கையில் கிடைக்காத அந்த ரயிலுக்காக ஒருத்தியின் தலைமயிரைப் பிடித்து இழுத்திருக்கிறேன். கண்ணாடியில் கீறல் விழுந்தால் தன் தலையில்தான் விடியும் என்று அம்மாவுக்கு எப்போதும் பயம். அதனால் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே ஒரு பழக்கம் வைத்தாள். "அலுமாரிப் பக்கம் போனா கை எங்க இருக்கணும்?" என்று கேட்பாள். "முதுகுக்குப் பின்னால!" என்று பதினெட்டுப் பேரும் கத்த வேண்டும்.

ஆறு மாதம் முடியும் தறுவாயில் செய்தி வந்தது. எங்கள் தேயிலையை வாங்குகிற வெள்ளைக்காரர்கள் தோட்டத்தைப் பார்க்க வருகிறார்கள், பிள்ளைக் காம்பராவையும் பார்ப்பார்கள் என்று. அன்று மத்தியானம் வெல்பயர் ஐயா வந்து அலுமாரியைத் திறந்தார். சாமான்களை எல்லாம் தரையில் பரப்பச் சொன்னார். அம்மா பரப்பினாள். பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்தார்கள். அவ்வளவுதான். ஒரு பிள்ளை அசையவில்லை. எல்லாருடைய கைகளும் முதுகுக்குப் பின்னால்.

"என்னம்மா இது? கும்பாபிஷேகம் பாக்க வந்த மாதிரி ஒக்காந்திருக்குதுங்க! வெளயாடச் சொல்லு!" என்றார் ஐயா.

"தொடுங்க சாமி, இன்னைக்குத் தொடலாம்" என்று அம்மா கெஞ்சினாள். ரயிலை ஒரு பையன் பக்கம் தள்ளினாள். அவன் ரயிலையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, என்ன தப்புச் செய்தோம் என்று தெரியாமல் ஓவென்று அழுதான். அவன் அழ, இன்னும் நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள்.

"ஒரு வாரந்தான் இருக்கு. தெனமும் வெளயாடுற சாமான் மாதிரி இருக்கணும். பழக்கி வையி. ஒண்ணு ஒடஞ்சாலும் ஒன்னத்தான் கேப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தொடாதே என்று ஆறு மாதம் சொல்லிக் கொடுத்ததை ஒரு வாரத்தில் அழித்துவிட்டு, தொடு, ஆனால் உடைக்காதே என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். அம்மாவுக்கும் அந்தச் சாமான்கள் புதுசுதான். அவளாவது எங்கே பொம்மை வைத்து விளையாடினாள்? ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, "அம்மாடி" என்று தரையில் உட்காருவாள். ரயிலை உருட்டி, "அட்டன் வந்திருச்சு, எறங்குறவங்க எல்லாம் எறங்குங்க!" என்பாள். மூன்றாம் நாள் பிள்ளைகளுக்குச் சிரிப்பு வந்தது. நாலாம் நாள் ரயில் அட்டனில் நிற்காமல் கொழும்புக்கே போனது. நேரம் முடிந்து அலுமாரிக்குள் திரும்ப வைக்கும்போது காம்பராவே அழும். என் வாழ்க்கையில் அதைவிடச் சந்தோஷமான வாரம் இருந்ததாக எனக்கு ஞாபகமில்லை.

ஐந்தாம் நாள் ஐயா வந்து பார்த்தார். அவருக்கு வேறு குறை. "எல்லாம் இப்பத்தான் கடையில இருந்து எடுத்த மாதிரி மினுங்குதே. கொஞ்சம் பழசாக்கும்மா" என்றார். அம்மா சற்று யோசித்தாள். பிறகு கடுஞ்சாயமாகத் தேத்தண்ணி காய்ச்சி, துணியை நனைத்து, பொம்மையின் கன்னத்திலும் மரக்கட்டைகளின் மூலைகளிலும் பூசிப் பூசித் துடைத்தாள். ரயில் சக்கரங்களில் வாசல் புழுதியைத் தேய்த்தாள். தேயிலைக் கறையை எப்படிப் பிடிக்கவைப்பது என்று எங்கள் ஆட்களுக்கா தெரியாது? மறுநாள் அந்தப் பொம்மையைப் பார்த்தால் நாலு தலைமுறைப் பிள்ளைகள் அதைத் தூக்கி வளர்ந்த மாதிரி இருந்தது. "கெட்டிக்காரிதான் நீ" என்றார் ஐயா. அந்த வேலையில் அம்மாவுக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அது.

வருகிறவர்கள் கேள்வி கேட்டால் பதில் சொல்ல ஒரு பிள்ளை வேண்டும். இருந்ததெல்லாம் மழலை. ஐயாவின் கண் என்மேல் விழுந்தது. நான் ஏழு வயதுக்குக் கட்டை. "இவ வாயாடியா இருக்கா, இவளையே வைப்போம். வயசு அஞ்சுன்னு சொல்லணும், என்ன?" என்றார். பிறகு குனிந்து, "நல்லாப் பேசு. இந்த விசிட்டு நல்லபடியா போச்சுன்னா ஒங்கம்மாவுக்கு வேல நெரந்தரந்தான்" என்றார். பெரியவர்கள் குழந்தைகளிடம் சும்மா சொல்லிவைப்பது. நானோ அதைத் தலையில் சுமந்துகொண்டு அலைந்தேன்.

வெள்ளைக்காரர்கள் வருகிற அன்று காலை பள்ளிக்கூடத்துக்கு மட்டம். தலை பின்னிவிட்டபடியே அம்மா திரும்பத் திரும்பச் சொன்னாள்: "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லணும். மேல ஒண்ணும் பேசக் கூடாது. வெளங்குச்சா?" வெளங்குச்சு என்றேன்.

ஜீப்பில் வந்தார்கள். தோட்டத்து மேனேஜரான பெரிய துரை, ஒரு வெள்ளைக்காரர், ஒரு வெள்ளைக்கார அம்மா. பிள்ளைகள் அசத்திவிட்டார்கள். அன்று ஓவென்று அழுதானே, அவன் ரயிலை உருட்டிக்கொண்டுபோய் வெள்ளைக்காரரின் கால் சப்பாத்தில் முட்டி, "அட்டன் வந்திருச்சு!" என்று கூவினான். வெள்ளைக்கார அம்மா தரையில் என் முன்னால் உட்கார்ந்தார். வெல்பயர் ஐயா நடுவில் நின்று மொழிபெயர்த்தார். பெயர் கேட்டார்கள், சொன்னேன். வயது கேட்டார்கள், அஞ்சு என்றேன். என்ன விளையாடப் பிடிக்கும் என்றார்கள், ரயிலு என்றேன். பொய்யை எல்லாம் ஒரு பிசகில்லாமல் சொல்லிவிட்டேன்.

அதோடு அந்த அம்மா எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. பொம்மையின் கறை படிந்த கன்னத்தை விரலால் தடவிக்கொண்டு இன்னொரு கேள்வி கேட்டார். ஐயா சிரித்தபடி அதைத் தமிழில் சொன்னார்: "இவ்வளவு அழகா வெளயாட ஒங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்ததுன்னு கேக்குறாங்க."

இது சொல்லிக் கொடுக்காத கேள்வி. ஆனால் எனக்குத் தெரிந்த பதில். அம்மா சுவரோரம், இடுப்பில் ஒரு குழந்தையும் கையில் ஒரு குழந்தையுமாக நின்றிருந்தாள். நிரந்தரத்துக்கு இதைவிட நல்ல நேரம் வராது என்று எனக்குத் தோன்றியது. மூச்சுவிடாமல் கொட்டினேன்.

"எங்கம்மாதான்! இந்த அலுமாரிய ஒரு வாரத்துக்கு முன்னதான் தொறந்தாங்க. அதுக்கு முன்ன யாருக்குமே வெளயாடத் தெரியாது, எல்லாரும் அழுதாங்க. எங்கம்மா இடுப்பு வலியோட தரையில ஒக்காந்து எல்லாருக்கும் பழக்குனாங்க. பொம்மைக்குச் சாயத்தண்ணி பூசுனதும் எங்கம்மாதான். பழசு மாதிரியே இருக்குல்ல?"

பெரிய துரை சிங்களவர்தான், ஆனால் எங்கள் தமிழ் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. அவர் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. வெல்பயர் ஐயா ஒருமுறை இருமினார். பிறகு வெள்ளைக்கார அம்மாவிடம் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். நான் சொன்னது அவ்வளவு நீளம், அவர் சொன்னது ஒரே வரி. அது என்ன வரி என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த அம்மா நெஞ்சில் கையை வைத்து, "ஓ!" என்றார். அம்மாவைப் பார்த்துக் கைதட்டினார். வெள்ளைக்காரர் தட்டினார். துரையும் தட்டினார். பிள்ளைகளும் எதற்கென்று தெரியாமலே தட்டினார்கள். என் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. அம்மா மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெட்கப்படுகிறாள் என்று நினைத்தேன். அவளைக் குழந்தைகளுக்கு நடுவே உட்காரவைத்து, ரயிலைக் கையில் கொடுத்துப் படம் எடுத்தார்கள்.

ஜீப் போனதும் ஐயா சாமான்களை உள்ளே வைத்துப் பூட்டினார். சத்தம் போடவில்லை. என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. "நாளைக்குக் காலையில பெரட்டுக்கு வந்துரு" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு நடந்தார். பெரட்டு என்றால் காலையில் ஆட்கள் கூடி, பெயர் கூப்பிட்டு, யார் எந்த மலைக்கு என்று பிரித்துவிடும் இடம். ஊரே கூடுகிற இடத்தில் வைத்து அம்மாவின் நிரந்தரத்தை அறிவிக்கப் போகிறார்கள் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் குதித்துக்கொண்டே போனேன். அம்மா என்னை அடிக்கவில்லை. ஒரு வார்த்தை திட்டவும் இல்லை. பரணில் கிடந்த கூடையை எடுத்துத் தூசு தட்டினாள்.

மறுநாள் அவள் மலைக்குப் போனாள். அதற்கு மறுநாளும் போனாள். நிரந்தரக் கடிதம் வரும்வரைதான் மலை என்று நானே ஒரு சமாதானம் செய்துகொண்டேன். காம்பராவுக்குக் கங்காணியின் அண்ணி ஆயாவாக வந்தாள். பாட்டு நின்றது. அம்மாவின் இடுப்பு அந்த மழைக்காலத்தில் போனதுதான், பிறகு நேரானதே இல்லை. இன்றைக்கு அட்டன் பஸ்ஸில் ஏற அவளை நானும் கண்டக்டரும் சேர்ந்து தூக்குகிறோம். அதற்காகவாவது அந்தத் துரையையும் ஐயாவையும் திட்டலாம் என்று வாயைத் திறப்பேன். ஆனால் என் வாய்தான் முதலில் ஞாபகத்துக்கு வருகிறது.

இரண்டு மாதம் கழித்து அந்தப் படம் வந்து சேர்ந்தது. பெரிதாக்கிச் சட்டம் போட்டு, காம்பராவின் சுவரில் மாட்டினார்கள். நடுவில் அம்மா, கையில் சிவப்பு ரயில். பள்ளிக்கூடம் விட்டு வந்து அதைப் பார்த்ததும் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஓட்டமாக வீட்டுக்கு வந்து அம்மாவுக்காகக் காத்திருந்தேன். நனைந்து, அட்டை கடித்த காலோடு வந்தாள். இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் மெல்ல உட்கார்ந்தாள். நான் மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன். அவள் காலில் இருந்த அட்டையைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

"நான் சொன்னதுனாலதானம்மா அவங்க கை தட்டுனாங்க? அதனாலதான ஒங்க படத்த மாட்டியிருக்காங்க?"

அம்மா நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். ஈரக் கையால் என் நெற்றி மயிரை ஒதுக்கினாள்.

"ஆமாடி. நீ சொன்னதுனாலதான்."

எனக்கு அது போதும். எங்கள் லயத்தில் ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பன்னிரண்டு வீடு. இருட்டுமுன் ஒரு வீடு விடாமல் போய், "நான் சொன்னதுனாலதான், எங்கம்மாவே சொல்லிட்டாங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.